ராஜ்தூத் 350 முதல் டியூக் 390 வரை: இந்தியாவில் உறையற்ற மோட்டார் சைக்கிளின் வரலாறும் பிரேக்கின் வரலாறும்

மோட்டார் சைக்கிள் உலகில் 'நேக்கட்' என்பது பின்னோக்கிப் பிறந்த சொல். இயந்திரம் கண்ணுக்குத் தெரிவதே இயல்பாக இருந்த காலம் வரை அதற்குத் தனிப்பெயர் தேவைப்படவில்லை. 1969இல் ஹோண்டா சிபி 750, 1972இல் கவாஸாகி இஸட் 1 ஆகிய நான்கு சிலிண்டர் இயந்திரங்கள் வெளிவந்தபோது அவற்றை எவரும் 'நேக்கட்' என்று அழைக்கவில்லை. அவை வெறுமனே மோட்டார் சைக்கிள்கள். 1980களில் பந்தய வண்டிகளின் காற்றுத்தடுப்பு உறை சாலைக்கு வந்தது. 1984இன் கவாஸாகி ஜிபிஇஸட் 900ஆர், 1985இன் சுசுகி ஜிஎஸ்எக்ஸ்-ஆர் 750 போன்றவை இயந்திரத்தைப் பிளாஸ்டிக் உறைக்குள் மறைத்த பிறகுதான், மறைக்கப்படாதது ஒரு தனி வகையாயிற்று. போர்த்துவது வழக்கமான பின்னரே போர்த்தாமை ஒரு நிலைப்பாடாக முடியும்.

அந்த நிலைப்பாடு மேற்கில் இரு வழிகளில் உருப்பெற்றது. ஒன்று, கீழிருந்து எழுந்தது. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் விபத்தில் உறை நொறுங்கிய பந்தயப்பாணி வண்டிகளின் உடைமையாளர்கள், விலையுயர்ந்த உறையை மாற்றாமல் அகலமான கைப்பிடியை மட்டும் பொருத்தி ஓட்டத் தொடங்கினர். 'ஸ்ட்ரீட்ஃபைட்டர்' எனப்பட்ட பாணி அவ்வாறு வளர்ந்தது. மற்றொன்று, ஆலைகளிலிருந்து வந்தது. மிகெல் கலூத்ஸி வடிவமைத்த டுகாட்டி மான்ஸ்டர் 1992இல் கொலோன் கண்காட்சியில் காட்டப்பட்டு 1993இல் விற்பனைக்கு வந்தது. நிறுவனத்திடம் ஏற்கெனவே இருந்த இயந்திரத்தையும் சட்டகத்தையும் சேர்த்து, அவற்றை மறைக்காமல் விட்டதே அதன் புதுமை. அடுத்த ஆண்டு டிரையம்ஃப் ஸ்பீடு டிரிப்பிள் வந்தது. இரு வழிகளிலும் உறையை நீக்குவது ஓர் அழகியல் தேர்வாக மாறிற்று.

இவ்வகை வண்டிகளின் ஈர்ப்புக்கு இயற்பியல் காரணங்கள் உண்டு. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக உயர்வது. எனவே உறையின் பயன் நெடுஞ்சாலையின் உயர்வேகத்தில்தான் முழுமையாக வெளிப்படும். நகர வேகத்தில் அது பெரும்பாலும் சுமையே. உறையற்ற வண்டியில் ஓட்டுநர் நிமிர்ந்து அமர்கிறார். அகன்ற கைப்பிடி நெம்புகோலாக இயங்கி வண்டியை எளிதாகத் திருப்ப உதவுகிறது. உச்ச வேகத்தைவிட நடுத்தர வேகங்களில் கிட்டும் முறுக்குவிசைக்கு முதன்மை தரும் வகையில் இயந்திரம் பெரும்பாலும் சீரமைக்கப்படுகிறது. வேகம் கூடும்போது காற்று நேரடியாக மார்பில் மோதுவதால், உறைக்குள் ஒடுங்கியவருக்கு 140இல் கிட்டும் உணர்வு இவருக்கு 90லேயே கிட்டிவிடுகிறது எனலாம். வேகத்தை அளவுமானி சொல்வதற்கு முன் உடல் சொல்லிவிடுகிறது.

இந்தியாவின் கதை இந்த வரிசையில் அமையவில்லை. இங்கு மோட்டார் சைக்கிள்கள் உறையற்று இருந்ததற்குக் காரணம் அழகியல் அன்று, பற்றாக்குறை. 1951ஆம் ஆண்டின் தொழில்கள் (வளர்ச்சி மற்றும் ஒழுங்குமுறை) சட்டத்தின் கீழ் எதை, எவ்வளவு உற்பத்தி செய்வது என்பது உரிமத்தால் தீர்மானிக்கப்பட்டது. இராணுவத் தேவையை ஒட்டி 1950களில் சென்னையில் வேரூன்றிய என்ஃபீல்டு புல்லட், 1960களின் தொடக்கத்தில் மைசூரில் உற்பத்தியான ஜாவா, பின்னர் அதன் தொடர்ச்சியாக வந்த யெஸ்டி, போலந்தின் எஸ்ஹெச்எல் வடிவத்தை ஒட்டி ஃபரீதாபாத்தில் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் தயாரித்த ராஜ்தூத் 175 ஆகியவையே பல்லாண்டுகள் இந்தியச் சாலையின் மோட்டார் சைக்கிள்கள். பால்காரர் முதல் காவல்துறை வரை அவற்றைப் பயன்படுத்தினர். இயந்திரம் வெளியே தெரிந்தது. ஏனெனில் அதனை அடிக்கடி கழற்றிப் பூட்ட வேண்டியிருந்தது.

இச்சூழலில் 1983இல் ஃபரீதாபாத்திலிருந்து ராஜ்தூத் 350 வெளிவந்தது. ஜப்பானில் யமஹா 1973 முதல் சில ஆண்டுகள் தயாரித்துக் கைவிட்ட ஆர்டி 350இன் உரிமம் பெற்ற இந்திய வடிவம் அது. 347 சிசி கொள்ளளவு, இரட்டைச் சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், ஆறு கியர்கள். புல்லட் ஏறத்தாழ 18 குதிரைத்திறனும் யெஸ்டி ரோட்கிங் ஏறத்தாழ 16 குதிரைத்திறனும் தந்த காலத்தில், இவ்வண்டி ஏறத்தாழ 31 குதிரைத்திறன் தந்தது. அதுவரை இந்தியச் சந்தையில் கிட்டிய வண்டிகளுக்கும் இதற்குமான இடைவெளி படிப்படியான வளர்ச்சி அன்று; ஒரே தாவல்.

அந்தத் தாவலின்போது விடுபட்டவை இரண்டு. முதலாவது, ஆற்றல். ஜப்பானிய மூலவண்டியின் 39 குதிரைத்திறன் இந்திய வடிவில் குறைக்கப்பட்டது. பின்னர் எரிபொருள் சிக்கனத்தை முன்னிட்டு அது மேலும் ஏறத்தாழ 27ஆகக் குறைக்கப்பட்டது. இரு வடிவங்களும் முறையே 'ஹை டார்க்', 'லோ டார்க்' என இன்றும் ஆர்வலரிடையே வேறுபடுத்தப்படுகின்றன. இரண்டாவது, பிரேக். மூலவண்டியின் முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் இருந்தது. இந்திய வடிவில் அந்த இடத்தில் டிரம் பிரேக் பொருத்தப்பட்டது. விலையை எட்டும் தூரத்தில் வைப்பதற்கான பல சிக்கனங்களுள் அதுவும் ஒன்று.

டிரம் பிரேக் தன்னளவில் குறையுடைய பொருள் அன்று. புல்லட்டும் யெஸ்டியும் அதைக் கொண்டே ஓடின. ஆனால் பிரேக்கின் தகுதியைத் தனியே மதிப்பிட இயலாது. அது நிறுத்த வேண்டிய வேகத்தோடு சேர்த்தே மதிப்பிடத் தக்கது. மூடிய டிரம்முக்குள் வெப்பம் தேங்கும். தொடர்ந்து அழுத்துகையில் பிடிமானம் தளரும். டூ-ஸ்ட்ரோக் இயந்திரத்துக்கு மற்றொரு பண்பும் உண்டு. ஆக்சிலரேட்டரை விட்டதும் ஃபோர்-ஸ்ட்ரோக் இயந்திரம் வண்டியைப் பின்னிழுப்பதுபோல் இது வலுவாக இழுப்பதில்லை. எனவே வேகத்தைக் குறைக்கும் பணி ஏறத்தாழ முழுமையாகப் பிரேக்கின் மீதே விழுகிறது. நாட்டின் மிக விரைவான மோட்டார் சைக்கிள், தன் மூலவடிவின் இயந்திரத்தை ஏற்று, அதனை நிறுத்தும் கருவியை மட்டும் மாற்றிக்கொண்டு சாலைக்கு வந்தது. ஆர்.டி. என்ற எழுத்துகளுக்கு 'ரேபிட் டெத்' என்று மக்கள் தந்த விரிவு வெறும் பகடி அன்று. அது ஒரு பொறியியல் மதிப்பீட்டின் வாய்மொழி வடிவம்.

இவ்வண்டி வணிக அளவில் தோற்றது. 1990ஐ ஒட்டி உற்பத்தி நின்றது. 'இந்தியர் இன்னும் அதற்குத் தயாராகவில்லை' என்பது ஆர்வலர் எழுத்துகளில் மீண்டும் மீண்டும் வரும் விளக்கம். இது வரலாற்று விளக்கம் ஆகாது; தோல்வியின் பொறுப்பை வாங்காதவர் மீது சுமத்தும் கூற்று. 1973, 1979 ஆகிய ஆண்டுகளின் எண்ணெய் நெருக்கடிகளுக்குப் பின் பெட்ரோல் ஒவ்வொரு நடுத்தரக் குடும்பத்தின் கணக்கிலும் கனத்த செலவு. உதிரிபாகங்கள் அரிதாகவும் விலை கூடியும் இருந்தன. இரட்டைச் சிலிண்டரைச் சீராக இயங்கச் செய்யும் பயிற்சி எல்லா ஊர்ப் பட்டறைகளிலும் இருக்கவில்லை. அதே ஆண்டுகளில் அரசு 100 சிசி அளவில் வெளிநாட்டுக் கூட்டுறவுக்கு வழிவிட்டது. 1984இல் இந்த்-சுசுகி, 1985இல் ஹீரோ ஹோண்டா சிடி 100 என வரிசையாக வந்த வண்டிகள், லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற ஒற்றை அளவுகோலைச் சந்தையின் அளவுகோலாக நிலைநிறுத்தின. எஸ்கார்ட்ஸும் யமஹாவுமே 1985இல் கொண்டுவந்த ஆர்எக்ஸ் 100, 98 சிசியில் 11 குதிரைத்திறன் தந்து, குறைந்த எடையால் விரைவு காட்டி, ராஜ்தூத் 350ஐ நாடியிருக்கக்கூடிய இளைஞர் பலரைத் தன்பால் ஈர்த்தது. விவேகமான வாங்குநர் விவேகமாகவே நடந்துகொண்டார்.

தோற்ற வண்டி மறையவில்லை. சென்னையை அடுத்த சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்தில் நடந்த பந்தயங்களிலும், பெங்களூரு, புனே, டெல்லி நகரங்களின் பட்டறைகளிலும் அது தொடர்ந்து வாழ்ந்தது. பலர் அதில் டிஸ்க் பிரேக்கைப் பொருத்திக்கொண்டனர். ஆலை நீக்கியதைப் பட்டறை மீட்டது என்பது தொழில்நுட்ப வரலாற்றில் கவனிக்கத்தக்க செய்தி. இயந்திரம் திறந்திருந்ததால்தான் அந்த மீட்பு எளிதாயிற்று. கண்ணுக்குத் தெரிவதைக் கைதொடும், கைதொட்டதைத் திருத்தலாம். இந்தியப் பட்டறை மரபின் பெரும்பகுதி இந்தத் திறந்த இயந்திரங்களின் மீதே கற்கப்பட்டது.

1991க்குப் பிந்தைய தாராளமயம் ஆற்றலை மெல்ல மெல்லவே மீட்டது. 1999இல் ஹீரோ ஹோண்டா சிபிஇஸட் முன்சக்கர டிஸ்க் பிரேக்குடன் வந்தது. 2001இல் பஜாஜ் பல்சர் 150, 180 ஆகியவை வந்தன. பல்சரின் தொடக்ககால விளம்பரம் அவ்வண்டியை ஐயத்துக்கிடமின்றி 'ஆண்' என்று அறிவித்தது. எரிபொருள் தொட்டியின் புடைப்பும் வெளிப்பட்ட இயந்திரமும் ஆணுடலின் தசைக்கு உவமையாக்கப்பட்டன. மைலேஜ் என்ற குடும்பத் தலைவரின் மொழியிலிருந்து உடல் என்ற இளைஞரின் மொழிக்குச் சந்தை நகர்ந்த தருணம் இது. பெண் ஓட்டுநர் அந்த மொழியில் இடம்பெறவில்லை. அவருக்கெனக் கியரற்ற ஸ்கூட்டர் தனியே ஒதுக்கப்பட்டது. ஆற்றல் மிக்க வண்டியின் ஈர்ப்பு பாலின அடிப்படையில் இயல்பாக அமைந்தது என்போர், அதனை அவ்வாறு அமைக்கச் செலவிடப்பட்ட உழைப்பைக் காணத் தவறுகின்றனர்.

2007இல் பஜாஜ் நிறுவனம் ஆஸ்திரியாவின் கேடிஎம் நிறுவனத்தில் 14.5 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. அக்கூட்டின் விளைவாகப் புனேவை அடுத்த சாகணில் உற்பத்தியான டியூக் 200, 2012 ஜனவரியில் இந்தியச் சந்தைக்கு வந்தது. 2013இல் டியூக் 390 வந்தது: 373 சிசி, ஒற்றைச் சிலிண்டர், திரவக் குளிர்விப்பு, ஏறத்தாழ 43 குதிரைத்திறன், 1.80 லட்சம் ரூபாய் விலை. முப்பது ஆண்டுகளுக்குப் பின் ராஜ்தூத் 350இன் இடத்தை நிரப்பிய வண்டி இதுவே எனலாம். ஐரோப்பிய அழகியலாக வளர்ந்த உறையின்மையும், இந்தியச் சிக்கனமாக இருந்த உறையின்மையும் இதில் ஒன்றாயின. இம்முறை நாடு ஒரு கைவிடப்பட்ட வடிவத்தைப் பெறவில்லை; இங்கு உற்பத்தியான வண்டியே அயல்நாடுகளுக்கும் சென்றது.

ஒப்பீட்டின் மையப்புள்ளி குதிரைத்திறன் அன்று, பிரேக்கே. டியூக் 390 அறிமுகத்திலேயே ஏபிஎஸ் பெற்றிருந்தது. அதன் இளையவடிவமான டியூக் 200 ஏபிஎஸ் இன்றியே சில ஆண்டுகள் விற்கப்பட்டது. 125 சிசிக்கு மேற்பட்ட புதிய மாடல்களுக்கு 2018 ஏப்ரல் முதலும், ஏற்கெனவே விற்பனையிலிருந்தவற்றுக்கு 2019 ஏப்ரல் முதலும் ஏபிஎஸ் கட்டாயம் என்ற விதி வந்த பிறகே அந்நிலை மாறிற்று. சந்தை தானாகத் தராததை விதி தந்தது. அவ்விதியும் 125 சிசியில் ஒரு கோட்டை வரைந்தது. கோட்டுக்குக் கீழே, இரு சக்கரங்களின் பிரேக்கையும் இணைக்கும் எளிய முறையே போதும் எனக் கருதப்பட்டது. இந்தியாவில் விற்கும் இருசக்கர வாகனங்களுள் மிகப் பெரும்பான்மை அக்கோட்டுக்குக் கீழேதான்.

இங்குதான் இவ்வரலாறு ஆர்வலர் நினைவுகளின் எல்லையைக் கடக்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர், அவர்களுள் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். அதே கணக்கு 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட மரணங்களை 'அதிவேகம்' என்ற தலைப்பின் கீழ் வைக்கிறது. இத்தலைப்பு ஒரு விளக்கம்போல் தோன்றினும், அது ஒரு வகைப்பாடு மட்டுமே. வாகனம் எத்தகைய பிரேக்கைக் கொண்டிருந்தது, சாலையில் வெளிச்சம் இருந்ததா, குழி இருந்ததா என்ற வினாக்கள் அச்சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. பொறுப்பு ஓட்டுநரின் மணிக்கட்டில் முடிந்துவிடுகிறது. மேலும், இருசக்கர வாகனம் என்ற ஒரே தொகுப்பில் 100 சிசி வண்டியில் பணிக்குச் செல்லும் தொழிலாளியும் 390 சிசி வண்டியில் விரையும் இளைஞரும் சேர்த்தே எண்ணப்படுகின்றனர். எனவே இந்த எண்ணைக் கொண்டு ஆற்றல் மிக்க வண்டிகளைக் குற்றவாளியாக்குவதும் பொருந்தாது, விடுவிப்பதும் பொருந்தாது.

மோட்டார் சைக்கிள் குறித்த இந்திய எழுத்து இன்றுவரை பெரும்பாலும் இயந்திரத்தின் வரலாறாகவே உள்ளது. எந்த ஆண்டு எத்தனை சிசி, எத்தனை குதிரைத்திறன் என்பன துல்லியமாகப் பதிவாகியுள்ளன. எந்த ஆண்டு எந்தப் பிரேக், யாருடைய முடிவால், எந்த விலைக்கணக்கின்படி நீக்கப்பட்டது அல்லது சேர்க்கப்பட்டது என்பது அவ்வாறு பதிவாகவில்லை. நிறுவன ஆவணங்கள் ஒருபுறம். ராஜ்தூத்தின் டிரம்மைக் கழற்றி டிஸ்க்கைப் பூட்டிய மெக்கானிக்குகளின் நினைவு மறுபுறம். இரண்டாவது சான்றைப் பதிவுசெய்ய இன்னும் காலம் உண்டு. அது நீண்ட காலம் அன்று. 1983இல் இருபது வயதில் பட்டறையில் நின்றவர் இன்று அறுபதைக் கடந்திருப்பார். இந்தியத் தொழில்நுட்ப வரலாற்றில் ஆய்வுத் தலைப்பு தேடும் மாணவர்கள் முதலில் செல்லத்தக்க இடம் அந்தப் பட்டறைகளே.