பிட்காயின் அறவாரியம்: அதிகாரமும் அதன் எல்லையும்



பிட்காயின் பற்றிப் பேச்சு எழும் இடங்களிலெல்லாம் ஒரு வினா தவறாமல் கேட்கப்படுகிறது. "ரிங்கிட்டுக்குப் பேங்க் நெகாரா இருக்கிறது; சிங்கப்பூர் வெள்ளிக்கு நாணய ஆணையம் இருக்கிறது. பிட்காயினுக்கு யார் பொறுப்பு?" என்பதே அவ்வினா. பொறுப்பாளர் எவரும் இல்லை என்பதுதான் உண்மையான விடை. ஆயினும், பொறுப்பாளர் என்றே பலராலும் கருதப்பட்ட ஓர் அமைப்பு ஒரு காலத்தில் இருந்தது. 2012-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கப்பெற்ற 'பிட்காயின் அறவாரியம்' என்பது அதன் பெயர். மூன்றே ஆண்டுகளில் அது தளர்ந்துபோன வரலாறு, இத்தகைய நாணயங்களில் நாட்டம் இல்லாதவர்களும் அறிய வேண்டிய ஒன்று. சங்கங்களிலும் வாரியங்களிலும் பொறுப்பு வகிக்கும் நம் எல்லாருக்கும் அதில் பாடம் உண்டு.

தலைவர் இல்லாத நாணயம்

2008 அக்டோபர் 31-ஆம் நாள், சதோசி நாகாமோத்தோ என்னும் புனைபெயரில் ஒன்பது பக்கக் கட்டுரை ஒன்று இணையத்தில் வெளிவந்தது. வங்கியின் துணையின்றி ஒருவர் மற்றொருவருக்கு நேரடியாகப் பணம் அனுப்பும் வழியை அக்கட்டுரை விளக்கியது. 2009 ஜனவரி 3-ஆம் நாளிட்ட முதல் பதிவுடன் பிட்காயின் பிறந்தது.

அதன் அமைப்பை எளிய உவமை ஒன்றால் விளக்கலாம். ஊருக்குப் பொதுவான கணக்குப் புத்தகம் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதன் படி வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஏறத்தாழப் பத்து நிமிடங்களுக்கு ஒரு முறை அதில் ஒரு புதிய பக்கம் சேர்கிறது. பக்கத்தைச் சேர்ப்பவர்களைச் 'சுரங்கத் தொழிலர்' என்று அழைப்பர். அவர்கள் தங்கள் கணினிகளின் உழைப்புக்குப் புதிய நாணயங்களைக் கூலியாகப் பெறுகின்றனர். ஆனால், விதிக்குப் புறம்பான பக்கம் ஒன்று வந்தால் ஒவ்வொரு வீட்டிலும் உள்ள கணினி அதனைத் தானாகவே தள்ளிவிடும். மொத்த நாணயங்கள் 21 மில்லியனைத் தாண்டக்கூடாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. எந்தத் தலைவர் கையொப்பமிட்டாலும் அதை மாற்ற இயலாது. வீட்டுக்காரர்கள் தங்கள் மென்பொருளைத் தாங்களே மாற்றிக்கொண்டால்தான் விதி மாறும்.

நாகாமோத்தோ 2011-இல் முற்றாக ஒதுங்கினார். அதற்கு முன்பே மென்பொருளைப் பராமரிக்கும் பணி கேவின் ஆண்ட்ரிசன் என்ற அமெரிக்க நிரலாளரிடம் வந்திருந்தது. உலகெங்கும் பரவிவந்த அந்த நாணயத்தின் மென்பொருளைத் தன்னார்வலர் சிலரே பேணி வந்தனர். அவர்களுக்கு நிலையான ஊதியம் கிடையாது. அரசாங்கத்திடம் விளக்கம் சொல்லவும் ஆள் கிடையாது.

அறவாரியம் தோன்றியது

இந்தக் குறையைப் போக்கவே 2012 செப்டம்பர் மாதம் பிட்காயின் அறவாரியம் அறிவிக்கப்பட்டது. லினக்ஸ் மென்பொருளை வளர்ப்போருக்கு ஊதியம் வழங்கும் லினக்ஸ் அறவாரியத்தை அது முன்மாதிரியாகக் கொண்டது. பிட்காயினைத் தரப்படுத்துதல், பாதுகாத்தல், பரப்புதல் ஆகிய மூன்றும் அதன் நோக்கங்கள். பீட்டர் வெசனெஸ், கேவின் ஆண்ட்ரிசன், சார்லி ஸ்ரெம், மார்க் கார்ப்பலெஸ், ஜோன் மாத்தோனிஸ் ஆகியோர் முதல் வாரியத்தில் இடம்பெற்றனர். ஆண்ட்ரிசன் தலைமை அறிவியலாளராக ஊதியம் பெறலானார்.

உறுப்பினர்கள் மூன்று வகையினராகப் பிரிக்கப்பட்டனர்: நிறுவனர், தொழில் நிறுவனங்கள், தனிநபர். ஒவ்வொரு வகையினருக்கும் வாரியத்தில் தனி இருக்கைகள் உண்டு. ஓராண்டுக்கு மேலாகத் தலைகாட்டாத நாகாமோத்தோவின் பெயரும் நிறுவனர் பட்டியலில் சேர்க்கப்பட்டிருந்தது. பிறர் நம்பிக்கையைப் பெற ஒரு பெயர் எவ்வளவு உதவும் என்பதை இதனால் உணரலாம்.

கட்டளையிட முடியாத நிலை

அறவாரியத்தின் உண்மையான வலிமை எவ்வளவு? 2013 மார்ச் மாத நிகழ்ச்சி ஒன்று இதைத் தெளிவாக்குகிறது. மார்ச் 11, 12 நாள்களில், மென்பொருளின் 0.8 பதிப்பு ஏற்றுக்கொண்ட ஒரு பக்கத்தை 0.7 பதிப்பு ஏற்க மறுத்தது. பொதுக் கணக்குப் புத்தகம் இரண்டாகப் பிளந்தது. ஒரே பணத்தை இரு முறை செலவிடும் ஆபத்து சில மணி நேரம் நீடித்தது. அப்பொழுது நிரலாளர்கள் செய்தது என்ன? பெரிய சுரங்கக் குழுக்களை நடத்தியவர்களைத் தொடர்புகொண்டு, பழைய பதிப்புக்குத் திரும்புமாறு வேண்டிக்கொண்டனர். அவர்களும் இசைந்தனர். தாங்கள் சேர்த்த பக்கங்களையும் அவற்றிற்குரிய கூலியையும் இழந்தே அவர்கள் அவ்வாறு செய்தனர். தலைமை அறிவியலாளர் உள்ளிட்ட எவராலும் அங்கே ஆணையிட முடியவில்லை. எடுத்துரைத்து இணங்கவைக்கவே முடிந்தது.

வெளியுலகம் இதை உணரவில்லை. அதே ஆண்டு மே மாத இறுதியில், கலிபோர்னியா மாநில நிதித்துறை அறவாரியத்திற்கு எச்சரிக்கைக் கடிதம் ஒன்றை அனுப்பியது. உரிமம் இன்றிப் பணப் பரிமாற்றத் தொழில் நடத்தினால் நிறுத்திக்கொள்ளுமாறு அது பணித்தது. அத்தகைய தொழில் எதையும் தான் நடத்தவில்லை என்று அறவாரியம் விளக்கமளிக்க வேண்டியதாயிற்று. பெயரைப் பார்த்தவர்கள் அதுவே பிட்காயினை நடத்துகிறது என்று எண்ணியதில் வியப்பில்லை.

அதே வேளையில், பேசும் பணியில் அறவாரியம் பயன்பட்டது என்பதையும் மறுக்கலாகாது. 2013 நவம்பர் 18-ஆம் நாள், அமெரிக்க செனட் குழுவின் முன்னிலையில் அதன் சட்ட ஆலோசகர் பேட்ரிக் மர்க் சாட்சியம் அளித்தார். மின்னிலக்க நாணயங்களுக்கு முறையான பயன்களும் உண்டு என்பதை அரசு அதிகாரிகளும் அந்த விசாரணையில் ஒப்புக்கொண்டனர். தன்னார்வலர் சிலர் தனித்தனியாக நின்று எட்ட முடியாத இடம் அது.

உள்ளே இல்லாத வேலி

வெளியே அறவாரியத்தின் கைகள் கட்டப்பட்டிருந்தன. உள்ளே நிலைமை வேறு. தொழில் நடத்துவோரே வாரியத்திலும் அமர்ந்திருந்தனர். வெசனெஸின் நிறுவனமான காயின்லேப், கார்ப்பலெஸின் நிறுவனமான மவுண்ட் காக்ஸ் மீது 2013 மே மாதம் 75 மில்லியன் அமெரிக்க வெள்ளி கோரி வழக்குத் தொடுத்தது. ஒரே மேசையில் அமர்ந்து பொதுநலத்தைப் பேச வேண்டிய இருவரின் நிறுவனங்கள் நீதிமன்றத்தில் எதிரெதிரே நின்றன.

2014 ஜனவரி இறுதியில், வாரியத்தின் துணைத்தலைவராக இருந்த ஸ்ரெம் நியூயார்க் விமான நிலையத்தில் கைதானார். சட்டவிரோதச் சந்தையான சில்க் ரோட்டின் வாடிக்கையாளர்களுக்குப் பிட்காயின் கிடைக்கத் துணைபோனார் என்பது குற்றச்சாட்டு. அவர் உடனே பதவி விலகினார். பின்னர்க் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஈராண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அடுத்த மாதமே மவுண்ட் காக்ஸ் சரிந்தது. உலகப் பிட்காயின் வணிகத்தின் பெரும்பகுதியை ஒரு காலத்தில் கையாண்ட அந்தச் சந்தை, பிப்ரவரி 28-ஆம் நாள் தோக்கியோவில் நொடிப்புப் பாதுகாப்புக் கோரியது. ஏறத்தாழ 850,000 பிட்காயின்கள் காணாமற்போயின என்று அறிவிக்கப்பட்டது. அவற்றுள் ஏறத்தாழ 200,000 பின்னர்க் கண்டெடுக்கப்பட்டன. கார்ப்பலெஸ் சில நாள்களுக்கு முன்னரே வாரியத்திலிருந்து விலகியிருந்தார். 2019-இல் ஜப்பானிய நீதிமன்றம் கணினிப் பதிவுகளைத் திரித்த குற்றத்திற்கு அவருக்கு ஒத்திவைக்கப்பட்ட தண்டனை விதித்தது; கையாடல் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது.

ஆக, முதல் வாரியத்தின் ஐவருள் இருவர் ஒரு மாத இடைவெளிக்குள் நீங்கினர். தனிமனிதர் எவரையும் நம்ப வேண்டாத பண முறையைப் பரப்ப வந்த அமைப்பு, தனிமனிதர் சிலரை நம்பியே நின்றது என்பது அப்பொழுது எல்லாருக்கும் தெரிந்தது. 2014 மே மாதம் தொழில் நிறுவனங்களுக்குரிய இருக்கைகளுக்குத் தேர்தல் நடந்தது. தேர்வு பெற்ற ஒருவரை ஏற்க மறுத்து உறுப்பினர் சிலர் விலகினர். அந்த இருக்கைகளுக்கு வாக்களிக்கும் உரிமை தனிநபர் உறுப்பினர்களுக்கு இல்லை. அவர்களுக்கு எஞ்சியது வெளியேறும் உரிமை மட்டுமே.

கையிருப்புக் கரைந்தது

அறவாரியத்தின் கையிருப்பில் பெரும்பகுதி பிட்காயினாகவே இருந்தது. 2013 நவம்பர் இறுதியில் 1,000 அமெரிக்க வெள்ளியைத் தாண்டிய பிட்காயின் விலை, 2015 ஜனவரியில் ஒரு கட்டத்தில் 200 வெள்ளிக்கும் கீழே இறங்கியது. செலவோ விலையோடு சேர்ந்து குறையவில்லை.

2015-இன் தொடக்கத்தில் தனிநபர் உறுப்பினர்கள் ஒலிவியர் ஜான்சென்ஸ், ஜிம் ஹார்ப்பர் ஆகிய இருவரையும் வாரியத்திற்குத் தேர்ந்தெடுத்தனர். ஏப்ரல் மாதம் ஜான்சென்ஸ் பகிரங்க அறிக்கை ஒன்றை வெளியிட்டார். அறவாரியம் நடைமுறையில் நொடித்துவிட்டது என்றும், உறுப்பினர்களிடம் உண்மை மறைக்கப்பட்டது என்றும் அதில் குற்றஞ்சாட்டினார். நொடிக்கவில்லை, சீரமைப்பே நடக்கிறது என்பது அறவாரியத்தின் மறுமொழி. எப்படியாயினும் பணியாளர்களுள் பெரும்பாலோர் நீங்கினர். உறுப்பினர்கள் தங்கள் அமைப்பின் நிதிநிலையை முறையான கணக்கறிக்கை வாயிலாக அறியாமல், புதிதாக வந்த ஒருவரின் குற்றச்சாட்டின் வாயிலாக அறிந்ததே இவ்வரலாற்றில் மிக வருந்தத்தக்க பகுதி என்பேன்.

அமைப்பு தளர்ந்த பிறகு

அறவாரியம் தளர்ந்ததால் பிட்காயின் நின்றுவிட்டதா? நிற்கவில்லை. அதே ஏப்ரல் மாதம் ஆண்ட்ரிசனும் அவருக்குப் பின் மென்பொருள் பராமரிப்புப் பொறுப்பை ஏற்றிருந்த விளாடிமிர் வான் டெர் லானும் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் மின்னிலக்க நாணயத் திட்டத்தில் சேர்ந்தனர். கணக்குப் புத்தகத்தில் பத்து நிமிடத்திற்கு ஒரு பக்கம் சேர்ந்துகொண்டே இருந்தது.

அதிகாரத்தின் எல்லையும் அப்படியே இருந்தது. 2015 ஆகஸ்டு மாதம், பக்கத்தின் அளவைப் பெரிதாக்கும் மென்பொருள் ஒன்றை ஆண்ட்ரிசனும் மைக் ஹெர்ன் என்ற நிரலாளரும் முன்வைத்தனர். போதிய ஆதரவு கிட்டவில்லை. 2017 மே மாதம் ஐம்பதுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் நியூயார்க்கில் உடன்பாடு செய்து, அளவை இரட்டிப்பாக்க முடிவெடுத்தன. சாதாரணப் பயனர்கள் பலர் எதிர்த்தனர். அதே ஆண்டு நவம்பர் மாதம் அத்திட்டம் கைவிடப்பட்டது. தலைமை அறிவியலாளராய் இருந்தவராலும் முடியவில்லை. பணபலம் மிக்க நிறுவனங்களாலும் முடியவில்லை.

நமக்குரிய பாடம்

இவ்வரலாற்றில் இரண்டு வேலிகளைக் காண்கிறோம். முதலாவது, அறவாரியம் பிட்காயினின் விதிகளைத் தொடவிடாமல் தடுத்த வேலி. அதை நாகாமோத்தோவின் வடிவமைப்பு அமைத்துத் தந்தது. அது உறுதியாக நின்றது. இரண்டாவது, அறவாரியத்தின் பொறுப்பாளர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொள்ள வேண்டிய வேலி. காலந்தவறாத கணக்கறிக்கை, எல்லா உறுப்பினருக்கும் பொருளுள்ள வாக்கு, சொந்தத் தொழிலும் பொதுப் பொறுப்பும் மோதும்போது விலகிநிற்கும் ஒழுங்கு ஆகியவை அதன் கம்பிகள். முதல் வேலி இருக்கிறதே என்ற நிம்மதியில் இரண்டாவது வேலி போதிய அளவு எழுப்பப்படவில்லை.

நம் பள்ளிகளின் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களை எண்ணிப் பாருங்கள். பாடத்திட்டத்தை மாற்றும் அதிகாரம் அவற்றிற்கு இல்லை. 'நமக்கு என்ன பெரிய அதிகாரம் இருக்கிறது?' என்று செயலவையினர் கேட்பதில் உண்மை உண்டு. ஆயினும் பெற்றோர் தரும் சந்தா அவர்கள் கையில் இருக்கிறது. பள்ளியின் பெயரால் பேசும் வாய்ப்பும் இருக்கிறது. பணமும் பெயரும் கையில் உள்ளவரை, கட்டளையிடும் அதிகாரம் இல்லாவிட்டாலும் கணக்குக் காட்டும் கடமை உண்டு. சிறிய அமைப்புதானே என்று ஆண்டுக் கூட்டத்தில் கணக்கறிக்கையைப் படிக்காமல் கை உயர்த்துவது, அறவாரியத்தின் உறுப்பினர்கள் சென்ற வழியில் நாமும் செல்வதாகும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 'அறவாரியம்', 'மன்றம்' போன்ற பெயர்களைத் தாங்கி, மின்னிலக்க நாணயத்தின் சார்பில் பேசுவதாகச் சொல்லி எவரேனும் உங்கள் வீட்டுக் கதவைத் தட்டினால், அவர்களிடம் மூன்று வினாக்களைக் கேளுங்கள். உங்களால் எதை மாற்ற முடியும்? உங்களைத் தேர்ந்தெடுத்தவர் யார்? உங்கள் கணக்கைப் பார்ப்பவர் யார்? இவற்றிற்கு நேரான விடை கிடைக்காத இடத்தில் பணப்பையைத் திறக்காதிருப்பதே நலம். பிள்ளைகளுக்கும் இவ்வினாக்களைக் கேட்கக் கற்றுக்கொடுப்போம்.