மறதியிற் பிறந்த பண்டிகைப் படம்

பண்டிகைக்குரிய வழக்கங்கள் யாவும் அநாதி காலந்தொட்டு வருவன என்று எண்ணுவது எல்லா நாட்டு ஜனங்களுக்கும் இயல்பாக இருக்கின்றது. பாட்டன் செய்தான், பூட்டன் செய்தான் என்பார்கள். அந்தப் பூட்டன் எந்த வருஷத்தில், எக்காரணம் பற்றித் தொடங்கினான் என்று கேட்டாலோ முகத்தைச் சுளிப்பார்கள். ஆனால் தோன்றிய வருஷமும் தோன்றிய காரணமும் தஸ்தாவேஜுகளில் தெளிவாகப் பதிந்து கிடக்கும் பண்டிகை வழக்கம் ஒன்று உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் கிறிஸ்துமஸ் வாரத்தில் குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கப்படும் ஒரு சினிமாவைப் பற்றியது அது. "இட்ஸ் எ ஒண்டர்புல் லைப்" என்பது படத்தின் பெயர். "வாழ்வு அற்புதமானது" என்று பொருள் கொள்ளலாம்.

பிலிப் வான் டோரன் ஸ்டெர்ன் என்னும் சரித்திர ஆசிரியர் 1938-ம் வருஷத்தில் தாம் கண்ட கனவொன்றைச் சிறுகதையாக்க முற்பட்டார். 1943-ல் கதை முடிந்தது. வெளியிடுவோர் கிடைக்கவில்லை. அவர் தம் செலவிலேயே 200 பிரதிகள் அச்சிட்டு, கிறிஸ்துமஸ் வாழ்த்துக்குப் பதிலாக நண்பர்களுக்கு அனுப்பிவிட்டார். அக்கதை ஆர்.கே.ஓ. என்னும் படக் கம்பெனியின் பார்வைக்கு எட்ட, 1944-ல் 10,000 டாலருக்கு அது விலைபோயிற்று. அங்கும் அது உருப்படவில்லை. கடைசியில் டைரக்டர் பிராங்க் காப்ரா, தாமும் நண்பர்களும் சேர்ந்து நிறுவிய லிபர்ட்டி பிலிம்ஸ் கம்பெனிக்காக அதே விலைக்கு வாங்கினார். சிசிலித் தீவிற் பிறந்து, சிறு பிராயத்திலேயே அமெரிக்காவிற் குடியேறிய ஏழைக் குடும்பத்தவர் காப்ரா. கதாநாயகராக நடித்த ஜேம்ஸ் ஸ்டூவர்ட், குண்டுவீச்சு விமானமோட்டியாக ஐரோப்பிய யுத்தத்திற் கலந்துகொண்டு அப்பொழுதுதான் திரும்பியிருந்தார்.

கதை யாது? பெட்போர்ட் பால்ஸ் என்னும் சிற்றூரில் ஜார்ஜ் பெய்லி என்பவன், தகப்பன் விட்டுச்சென்ற கடனுதவிச் சங்கமொன்றை நடத்துகிறான். ஊரார் போடும் சிறு சேமிப்பைத் திரட்டி, அவர்களுக்கே வீடு கட்டக் கடன் கொடுக்கும் சங்கம் அது. இவ்வகைச் சங்கங்கள் வெறுங் கற்பனையல்ல. பிலடெல்பியாவை அடுத்த பிராங்போர்டில் 1831-லேயே முதற் சங்கம் தோன்றிற்று. ஊரின் பாங்கியும் பாழடைந்த வாடகை வீடுகளும் பாட்டர் என்னும் கிழட்டுச் செல்வனுக்குச் சொந்தம். தொழிலாளி சொந்த வீட்டில் குடியேறுவதை அவன் சகியான். பாங்கிகளில் பீதி உண்டாகி ஜனங்கள் பணத்தைத் திரும்பக் கேட்டு முட்டிமோதும் நாளில், ஜார்ஜ் தன் தேனிலவுக்கென வைத்திருந்த 2,000 டாலரை எடுத்துப் பங்கிட்டுக் கொடுக்கிறான். கதவடைக்கும் நேரத்தில் மிஞ்சுவது இரண்டே டாலர்! பின்னொரு கிறிஸ்துமஸுக்கு முன்தினம், சங்கப் பணம் 8,000 டாலர் தவறிப்போய்ப் பாட்டரின் கையில் அகப்பட, அவன் மூச்சுக் காட்டாமல் வைத்துக்கொள்கிறான். இனிச் சிறைவாசமே கதி என்று கலங்கிய ஜார்ஜ் தற்கொலைக்குத் துணிந்து பாலத்தின்மேல் நிற்கும்போது, தேவதூதன் ஒருவன் தோன்றி, ஜார்ஜ் பிறவாதிருந்தால் ஊர் என்னவாகியிருக்கும் என்று காட்டுகிறான்.

தேவதூதன் என்றதும் நம் அன்பர்கள் புத்தகத்தை மூடிவிட வேண்டாம். அவன் ஒரு காசும் கொண்டுவந்து கொடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கடனைத் தீர்த்தவர்கள் ஊரார்: வீடு பெற்ற இத்தாலியர் முதலியோர் சட்டைப்பையில் இருந்ததைக் கொட்டித் தீர்த்தனர். நமக்கு உடன்பாடில்லாத இடமும் படத்தில் உண்டு. ஜார்ஜ் இல்லாத உலகத்தில் அவன் மனைவிக்கு நேர்ந்த பெருங் கேடு எதுவென்றால், கல்யாணமின்றிப் புத்தகசாலையில் உத்தியோகம் பார்ப்பதாம்! அதைக் கண்டு அவன் அலறுகிறான். உத்தியோகம் பார்க்கும் பெண்ணைக் கண்டு அலறுவானேன் என்பது நமக்கு இன்றளவும் விளங்கவில்லை.

நிற்க. பனி கொட்டும் காட்சிகள் பல, 1946-ம் வருஷத்துக் கோடை வெயிலில் எடுக்கப்பட்டன. அதற்குமுன் சினிமாவில் பனிக்குப் பதிலாக வெள்ளை தீட்டிய சோளச் செதில்களைத் தூவுவார்கள். மிதித்தால் நொறுங்கும் சத்தத்தில் பேச்சுக் கேளாது. இப்படத்துக்கென்று தீயணைக்கும் நுரையைக் கொண்டு சத்தமில்லாப் பனியைச் செய்தார்கள். அகாடமிப் பரிசுக்கு ஐந்து துறைகளில் படத்தின் பெயர் முன்மொழியப்பட்டும் ஒன்றும் கிட்டவில்லை. பனி செய்தவர்களுக்கு மட்டும் தொழில்நுட்பப் பரிசு வந்தது. டிசம்பர் 20-ந் தேதி நியூயார்க்கில் முதன்முதலாகத் திரையிடப்பட்ட படம், போட்ட முப்பது லட்சத்துக்கு மேற்பட்ட டாலருக்கு ஈடுகட்டவில்லை. ஆர்.கே.ஓ. கணக்கில் 5,25,000 டாலர் நஷ்டம் எழுதப்பட்டது. அடுத்த வருஷமே லிபர்ட்டி பிலிம்ஸ் பாரமவுண்ட் கம்பெனிக்கு விற்கப்பட்டது.

அந்த 1947-ம் வருஷம் மே மாதத்தில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. எப்.பி.ஐ. என்னும் துப்பறியும் இலாகா, ஹாலிவுட்டிற் கம்யூனிஸ்டுகள் புகுந்திருப்பதாகத் தயாரித்த குறிப்புகளில் இப்படத்தையும் சேர்த்துக்கொண்டது. குற்றம் யாது? பாங்கி முதலாளியைக் கொடியவனாகக் காட்டியதாம். ஏழைகளை வாடகைக் குடிசையில் வதைப்பவனைக் கொடியவன் என்பது ராஜத்துரோகமெனில், உண்மை பேசுவோர் எங்குப் போவது?

அதன்பின் படம் கைமாறிக் கைமாறி, நாஷனல் டெலிபிலிம் அசோசியேட்ஸ் என்னும் கம்பெனியை அடைந்தது. அமெரிக்காவின் 1909-ம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை முதலில் 28 வருஷம் நிற்கும்; அந்த 28-வது வருஷத்தில் மனுச் செய்து புதுப்பித்தால் இன்னொரு 28 வருஷம் கிடைக்கும். இப்படத்துக்குரிய கெடு 1974-ல் வந்தது. மனுப் போகவில்லை. தோட்டத்து ஆபீசில் பேனா பிடிக்கும் கிராணிகளாகிய நமக்கு, ஒரு தேதி தப்பினால் வரும் விபரீதம் சொல்லித் தெரியவேண்டுவதில்லை. ஆனால் ஒரு தேதி தப்பியதால் தேசத்துக்கே ஒரு பண்டிகை வழக்கம் பிறந்தது இங்கேதான். யாருக்கும் ஒரு காசு கட்டவேண்டியதில்லை என்று கண்ட டெலிவிஷன் ஸ்டேஷன்கள், டிசம்பர் மாதம் முழுவதும் அதனை மாறிமாறி ஒளிபரப்பின. கொட்டகையிற் கூட்டம் சேராத படம் வீடுதோறும் புகுந்தது. பத்து வருஷத்துக்குள், அதைப் பாராவிட்டால் கிறிஸ்துமஸ் நிறைவேறாது என்னும் நிலை வந்துவிட்டது.

பண்டிகைப் படம் ஆவது எது என்பதைப் படமுதலாளிகள் முன்கூட்டித் தீர்மானிக்க முடிவதில்லை. கிறிஸ்துமஸ் தாத்தாவைச் செவ்வாய்க் கிரகவாசிகள் கடத்திச்செல்லும் 1964-ம் வருஷத்து அபத்தமொன்று, அபத்தம் என்பதற்காகவே கொண்டாடப்படுகின்றது. "டை ஹார்ட்" என்னும் துப்பாக்கிப் படம் 1988 ஜூலையில் வெளிவந்தது. கதை கிறிஸ்துமஸ் இரவில் நடப்பதால் அதுவும் பண்டிகைப் படமே என்று வாதாடுவோர் ஏராளம். எல்லாவற்றிலும் விசித்திரம் நார்வே தேசத்தது. செக்கோஸ்லோவாகியாவும் கிழக்கு ஜெர்மனியும் கூட்டாக 1973-ல் எடுத்த சிண்டரெல்லாக் கதையை, அந்நாட்டு ஜனங்கள் கிறிஸ்துமஸுக்கு முன்தினம் பார்க்கின்றனர். ராஜகுமாரன், சிற்றன்னை, சிண்டரெல்லா ஆகிய அத்தனை பேருக்கும் க்னுட் ரிசான் என்னும் ஓர் ஆண்மகனின் குரலே!

நாம் தொடங்கிய படத்துக்கு மீள்வோம். 1990-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், மூலக்கதையின் உரிமை புதுப்பிக்கப்பட்டிருந்தால் அக்கதையினின்று எடுத்த படமும் அதற்குக் கட்டுப்பட்டதே என்று தீர்ப்பளித்தது. வழக்குக்குரிய "ரியர் விண்டோ" படத்திலும் நாயகர் நம் ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டே என்பது ஒரு வேடிக்கை. ஸ்டெர்னின் சிறுகதைக்குரிய உரிமையோ உயிரோடிருந்தது. மனுப் போட மறந்த அதே கம்பெனி அதற்குள் ரிபப்ளிக் பிக்சர்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்டிருந்தது. கதையின் உரிமையோடு பாட்டிசையின் உரிமையையும் சேர்த்துக்கொண்டு, 1993-ல் படம் எங்களுடையதே என்று அது அறிவித்தது. காப்ரா 1991-லேயே இறந்துவிட்டதால் இதனைக் காணவில்லை. 1994-ல் ஒளிபரப்பும் உரிமை என்.பி.சி. ஸ்தாபனத்துக்குப் போயிற்று. அதுவரை ஒரே இரவில் பல ஸ்டேஷன்களில் ஓடிய படம், அதன்பின் பண்டிகைக் காலத்தில் இரண்டொரு முறை மட்டும், என்.பி.சி. குறித்த நேரத்தில், விளம்பரங்களுக்கு நடுவே வரலாயிற்று.