செங்கல்பட்டில் அடிமைத்தளையும் குடியிருப்பு மனையும்: மிஷன் குடியிருப்புகள் முதல் இருளர் மீட்பு வரை

ஆளை விற்பதைச் சட்டம் தடுத்த பின்னரும் ஆள் தளையிலேயே நீடித்தது ஏன் என்பது தமிழகக் கொத்தடிமை வரலாற்றின் மையக் கேள்வியாகும். 1890களில் செங்கல்பட்டு மாவட்டக் கிறித்தவ மிஷனரிகள் இதற்குக் கண்ட விடையையும், அதே வட்டாரத்து இருளர் பழங்குடியினரின் இன்றைய நிலையில் அவ்விடை பெறும் பொருளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

விற்பனையிலிருந்து முன்பணத்திற்கு

1819இல் சென்னை வருவாய் வாரியம் அடிமைமுறை குறித்து மாவட்ட ஆட்சியர்களிடம் அறிக்கை கோரியது. திருச்சிராப்பள்ளியை உள்ளிட்ட காவிரி நன்செய்ப் பகுதிகளில் பள்ளர் சமூகத்தார் நிலத்தோடு சேர்த்துக் கைமாற்றப்பட்டதை அவ்விசாரணை வெளிப்படுத்தியது. 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம் அடிமை மீதான உரிமையை நீதிமன்றங்கள் ஏற்பதைத் தடுத்ததேயன்றி, அடிமை வைத்திருப்பதைக் குற்றமாக்கவில்லை. ஆளை அடிமையாக வாங்குவதும் விற்பதும் குற்றமானது 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 370ஆம் பிரிவால்தான். இதற்கு ஓராண்டு முன்னரே, முன்பணம் பெற்று வேலையை முடிக்காத தொழிலாளியைத் தண்டிக்கும் 13ஆம் சட்டம் வந்துவிட்டது. அது 1925 வரை நீடித்தது. விலைச்சீட்டு மறைந்த இடத்தில் கடன்சீட்டு அமர்ந்தது.

சேரி நின்ற நிலம்

செங்கல்பட்டுப் பண்ணைகளில் உழைத்த பறையர் சமூகப் படியாட்களை மிராசுதாருடன் பிணைத்தது கடன் மட்டுமன்று. அவர்களின் குடிசை நின்ற மனையும் பல ஊர்களில் மிராசுதாரின் பிடியிலேயே இருந்தது. வேலையை விட்டவர் வீட்டையும் விட வேண்டும். தரிசு நிலம் கேட்டுத் தர்க்காஸ்து மனு கொடுத்தாலும் மிராசுதாருக்கே முன்னுரிமை இருந்தது. ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூ, வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கௌடி ஆகியோர் இந்த முடிச்சைக் கண்டுகொண்டனர். அவர்கள் தாமாகக் கண்டது என்பதைவிட, மனு எழுதித் தரச் சொல்லித் தம்மிடம் வந்த படியாட்களிடமிருந்து கற்றுக்கொண்டது என்பதே பொருந்தும். அயோத்திதாசர் 1891இல் திராவிட மகாஜன சபையையும், இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழையும் தொடங்கிய காலம் அது. கோரிக்கை முதலில் ஒடுக்கப்பட்டோருடையதே.

மாவட்ட ஆட்சியர் டிரெமன்ஹியர் 1891இல் எழுதிய குறிப்பு இந்நிலையை அரசின் முன் வைத்தது. 1892 செப்டம்பர் 30ஆம் நாள் அரசாணையின் வழியே நிலம் ஒதுக்கும் நடைமுறை உருவாயிற்று. பின்னாளில் பஞ்சமி நிலம் எனப்பட்டது இதுவே. சிங்கப்பெருமாள்கோயிலுக்கு அருகில் ஆண்ட்ரூ மெல்ரோசாபுரம் குடியிருப்பை உருவாக்கினார். படியாள் பண்ணையை விட்டு வெளியேறினால் தங்குவதற்கு வேறோர் இடம் உண்டு என்பதே அதன் அடிப்படைப் பயன். ஆனால் மிஷன் நிலத்தில் குடியேறியவர் மிஷனின் குத்தகையாளரே. மிராசுதாரின் இடத்தில் பாதிரியார் வந்தமர்ந்த இந்த ஏற்பாட்டில், மதமாற்ற நோக்கத்தையும் விடுதலை நோக்கத்தையும் பிரித்தறிவது கடினம். தளையைத் தளர்த்தியது நிலம். நிலத்தைத் தன் பெயரில் பெறுவது வேறொரு போராட்டமாகவே தொடர்ந்தது. 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில், காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தின்போது காவல்துறை துப்பாக்கிச் சூட்டில் இருவர் உயிரிழந்தனர்.

இருளர்

டிரெமன்ஹியரின் குறிப்பு பறையர் சமூகத்தைப் பற்றியது; காட்டோரத்தும் ஏரிக்கரையிலும் வாழ்ந்த இருளர் அதன் மையத்தில் இல்லை. பாம்புத்தோல் வணிகத்தை 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நிறுத்தியபோது அவர்களுள் பலர் பிழைப்பிழந்தனர். 1978இல் வடநெம்மேலியில் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் சிலருக்கே வாழ்வளித்தது. ஏனையோர் முன்பணத்திற்காகச் செங்கல் சூளைகளுக்கும், செங்குன்றம் அரிசி ஆலைகளுக்கும், மரம் வெட்டும் வேலைக்கும் குடும்பத்தோடு சென்றனர். 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அத்தகைய கடனையே செல்லாததாக்கியிருந்தும் நடைமுறை மாறவில்லை.

1997இல் அமெரிக்காவில் நிறுவப்பட்ட இன்டர்நேஷனல் ஜஸ்டிஸ் மிஷன் என்னும் கிறித்தவ அமைப்பு, சென்னையை மையமாகக் கொண்டு மாவட்ட நிர்வாகங்களுடன் இத்தகைய மீட்புகளில் ஈடுபட்டு வருகிறது. வழக்கும் விடுதலைச் சான்றும் அதன் கருவிகள். ஆண்ட்ரூவின் கருவி நிலமாக இருந்தது. 2013இல் திருத்தப்பட்ட 370ஆம் பிரிவு ஆட்கடத்தலை விரிவாக வரையறுத்தது. 2016ஆம் ஆண்டின் மத்திய மறுவாழ்வுத் திட்டம் மீட்கப்பட்டவருக்கு நிலைக்கேற்ப 1 லட்சம் முதல் 3 லட்சம் ரூபாய் வரை வழங்க வகைசெய்கிறது. எனினும் முழுத்தொகை பெரும்பாலும் வழக்கின் முடிவோடு பிணைக்கப்பட்டுள்ளது. வழக்கு முடியும்வரை குடும்பம் எங்கே இருக்கும் என்ற கேள்விக்கு அத்திட்டத்தில் தெளிவான விடை இல்லை.

மீட்கப்பட்டு ஊர் திரும்பும் இருளர் குடும்பத்தின் குடிசை பெரும்பாலும் ஏரிப் புறம்போக்கில் நிற்கிறது. நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா வழங்கச் சட்டம் இடந்தருவதில்லை. மாற்றிடம் வேண்டுமெனில் சாதிச் சான்று வேண்டும், சாதிச் சான்றுக்குக் கோட்டாட்சியரின் விசாரணை வேண்டும். மனு அங்கே காத்திருக்கும்போது, அடுத்த பருவத்திற்கான முன்பணத்துடன் சூளைத் தரகர் ஊருக்குள் வந்துவிடுகிறார்.