கேட்காத கேள்விக்குப் பதில்: இருட்டில் எரியும் சின்ன லைற்றுகளின் வரலாறு

இரவில் லைற்றை நிற்பாட்டினால் அறை இருட்டாக வேண்டும். ஆனால் இப்போது ஆவதில்லை. ரவுட்டரில் நாலைந்து புள்ளிகள் துடிக்கும். மல்டிபிளக் சுவிச்சில் ஒரு செம்மஞ்சள், ரீவியின் கீழ்மூலையில் ஒரு சிவப்பு, ஸ்பீக்கரில் ஒரு நீலம். போர்டிங் அறையில் மூன்று பேர் என்றால் இதை அப்படியே மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள். கண்ணை மூடினாலும் அந்த நீலம் இமைக்கு வெளியே நிற்பதுபோல இருக்கும்.

இது சின்ன விசயம்தான். ஆனால் இந்த எரிச்சலுக்குப் பின்னால் நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று இருக்கிறது. முன்பு நாம் கேட்ட ஒரு கேள்விக்குப் பதிலாக இருந்த வெளிச்சம், எப்படி யாரும் கேட்காமலே பேசத் தொடங்கியது என்பதுதான் அந்த வரலாறு.

பழைய வால்வு ரேடியோவில் இருந்து தொடங்கலாம். சுவிச்சைப் போட்டவுடன் அது பாடாது. வால்வுகள் சூடாகும்வரை கொஞ்சநேரம் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் ‘கரண்ட் வந்திட்டுதா, இல்லையா?’ என்ற கேள்வி வரும். அலைவரிசைத் தட்டுக்குப் பின்னால் எரிந்த சின்ன பல்ப் அதற்குப் பதில் சொன்னது. அது இழை பல்ப். சூடாகும், ஒருநாள் இழை அறும், கழற்றி வேறொன்று போடவேண்டும். ஆகவே தேவையில்லாத இடத்தில் எவரும் அதைப் பொருத்தமாட்டார்கள். 1917இல் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் வேலை செய்த டானியல் மக்ஃபார்லன் மூர் சின்ன நியோன் விளக்கை உருவாக்கினார். இன்றைக்கும் பல மல்டிபிளக் சுவிச்சுகளுக்குள் செம்மஞ்சளாக மினுங்குவது அந்த வகை விளக்குத்தான்.

அதற்குப் பத்து வருடங்களுக்கு முன்பே வேறொரு வெளிச்சம் கண்ணில் பட்டிருந்தது. 1907இல் மார்க்கோனி கம்பனியில் இருந்த ஹென்றி ஜோசப் ரவுண்ட், காபொரண்டம் பளிங்கு ஒன்றுக்கு மின் கொடுத்தபோது அது மஞ்சளாக ஒளிர்வதைக் கண்டார். ஒரு சஞ்சிகைக்குச் சின்னக் குறிப்பொன்று எழுதியதோடு விட்டுவிட்டார். பிறகு அதே ஒளிர்வைச் சோவியத் ஒன்றியத்தில் கவனித்தவர் ஓலெக் லோசெவ். முறையான பல்கலைக்கழகப் படிப்பு இல்லாமல் வானொலி ஆய்வுகூடத்தில் தொழில்நுட்பவியலாளராக இருந்தவர். 1927இல் தொடங்கி இதைப்பற்றித் தொடர்ந்து எழுதினார். இது சூட்டினால் வரும் வெளிச்சம் இல்லை என்பதையும் கண்டுகொண்டார். ஆனால் 1942இல், ஜேர்மன் படைகளின் முற்றுகைக்குள் கிடந்த லெனின்கிராட்டில் பட்டினியால் இறந்துபோனார். அப்போது வயது 38. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்கள் ‘ஒளிகாலும் இருவாயி’ என்று மனப்பாடம் செய்த எல்.ஈ.டியின் கதையில், பாடப்புத்தகம் பெரும்பாலும் சொல்லாத பகுதி இதுதான்.

1962இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் நிக் ஹொலொன்யாக் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்.ஈ.டியைச் செய்து காட்டினார். 1968இல் மொன்சாண்டோ கம்பனி பெருந்தொகையில் தயாரிக்கத் தொடங்கியது. ஏன் சிவப்பு? எங்கள் கண்ணை நினைத்து யாரும் சிவப்பைத் தெரிவு செய்யவில்லை. அன்றைக்கு அவர்கள் கையில் இருந்த குறைகடத்திப் பொருளில் இருந்து நன்றாக வந்த நிறம் அது, அவ்வளவுதான். ஆனாலும் அது நமக்கு வாய்த்த ஒரு அதிர்ஷ்டம். இருட்டில் பார்க்க உதவும் விழித்திரையின் கோல்கலங்களுக்குச் சிவப்பு அநேகமாகத் தெரியாது. படம் கழுவும் இருட்டறையில் சிவப்பு விளக்குக்குக் கீழே வேலை செய்தவர்களின் கண் இருட்டுக்குப் பழகியபடியே இருந்ததற்கும் இதுதான் காரணம்.

1972இல் வந்த பல்சர் கைக்கடிகாரம் இந்தக் கதையில் முக்கியமானது. சிவப்பு எல்.ஈ.டியில் நேரம் காட்டிய அந்தத் தங்கக் கடிகாரத்தின் விலை 2,100 டொலர். அதன் முகம் சாதாரணமாகக் கறுப்பாகத்தான் இருக்கும். பொத்தானை அமத்தினால் மட்டும் நேரம் ஒளிரும். எப்போதும் எரிந்தால் பற்றரி தாங்காது. கேட்டால் பதில், கேட்காவிட்டால் இருட்டு.

நீலம் வர இன்னும் இருபது வருடம் எடுத்தது. கலியம் நைத்திரைட்டு என்ற பொருளோடு மல்லுக்கட்டிய பலர் இடையில் கைவிட்டார்கள். யப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் இசாமு அகசாக்கி, ஹிரோஷி அமனோ இருவரும், நிச்சியா கம்பனியில் ஷூஜி நகமுராவும் விடவில்லை. 1993இல் நிச்சியா பிரகாசமான நீல எல்.ஈ.டியை அறிவித்தது. 2014இல் மூவருக்கும் நோபல் பரிசு. சும்மா சொல்லக்கூடாது, இன்றைக்கு நம் வீடுகளில் எரியும் வெள்ளை எல்.ஈ.டி பல்ப் அந்த நீலத்தில் இருந்துதான் வந்தது.

பிரச்சினை வேறு இடத்தில் தொடங்கியது. 2000களின் தொடக்கத்தில் நீலம் புதிது, விலை கூடியது. ஆகவே பொருள் செய்கிறவர்கள் ‘இது புது மாடல்’ என்று காட்டுவதற்கு எல்லாவற்றிலும் நீலத்தைப் பதித்தார்கள். இங்கேதான் அந்த வெளிச்சத்தின் வேலை மாறியது. கரண்ட் இருக்கிறதா என்று அறிய முன்னைய சிவப்பே போதும். நீலம் சொன்னது விளம்பரம்.

அதுவும் கண்ணுக்கு ஒத்துவராத நிறத்தில். கோல்கலங்கள் மிகக் கூடுதலாக உணர்வது 500 நானோமீற்றரை அண்டிய வெளிச்சத்தை. நீல எல்.ஈ.டி 470 அளவில் அதற்குப் பக்கத்திலேயே நிற்கிறது. அதோடு நீலம் விழித்திரைக்குச் சற்று முன்னாலேயே குவிவதால், புள்ளியாகத் தெரியாமல் மங்கலாகப் பரவித் தெரியும். ‘நீலம்தான் குத்துது’ என்று நீங்கள் சொன்னால் அது வெறும் மனப்பிரமை இல்லை.

எங்கள் நாட்டில் இந்த வெளிச்சத்துக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு என்பதை மறக்கமுடியாது. 1990களில் யாழ்ப்பாணத்தில் வருடக்கணக்காகக் கரண்ட் இல்லாமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட தலைமுறை நம் வீடுகளில்தான் இருக்கிறது. 2022 மார்ச் முடிவில் 13 மணித்தியால மின்வெட்டில் நாமும் இருந்தோம். அப்போது ரவுட்டரில் ஒரு புள்ளி எரிந்தால், வீடே ‘கரண்ட் வந்திட்டுது!’ என்று கத்தும். ஆகவே அந்தப் புள்ளி வீண் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இரவு இரண்டு மணிக்கு அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை.

ஆகவே கூச்சப்படாமல் மூடுங்கள். வயர் சுற்றும் கறுப்பு ரேப்பில் நகமளவு துண்டு போதும். முழுதாக மறைக்க விருப்பமில்லாவிட்டால் வெள்ளை ரேப்பை இரண்டு மூன்று அடுக்காக ஒட்டுங்கள். பகலில் தெரியும், இரவில் குத்தாது. சில ரவுட்டர்களில் லைற்றை மட்டும் நிற்பாட்டும் வசதி உண்டு, செற்றிங்ஸில் பாருங்கள். ரவுட்டருக்கு மேல் ரீசேட் போடாதீர்கள், சூடு வெளியேறாது. ரீவியில் ரிமோட்டின் கதிர் போகும் இடத்தையும் புகை எச்சரிக்கைக் கருவியையும் விட்டுவிடுங்கள். ரேப் ஒட்டுவதால் கரண்ட் பில் குறையாது. அந்தப் புள்ளி குடிப்பது ஒரு வாற்றில் நூறில் சில பங்குதான். பில் குறைய வேண்டுமென்றால் பிளக்கையே கழற்றவேண்டும்.

பல்சர் கடிகாரத்துக்குப் பொத்தான் வந்தது பற்றரிக்காக. இன்றைய பொருட்களுக்கு அது வரவேண்டியது நித்திரை கொள்கிறவர்களுக்காக. அது எல்லாவற்றிலும் வரும்வரை ஒரு சுருள் கறுப்பு ரேப் வாங்கி வையுங்கள்.