ஐந்து என்னும் மயக்கம்: ‘பஞ்ச்’ என்ற சொல்லும் அதன் கிண்ணமும்

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பள்ளிப் பரிசளிப்பு விழா முடிந்ததும் அவையோர் சிற்றுண்டி மேசையை நோக்கி நகர்வர். அங்கே பெரிய கண்ணாடிக் கிண்ணம் ஒன்றில் செந்நிறப் பானமும், அதன்மேல் மிதக்கும் ஆரஞ்சு, ஆப்பிள் துண்டுகளும் காணப்படும். பழப் பஞ்ச் என்று அதனைச் சொல்கிறோம். நம் பள்ளிகளில் அதில் மது இராது. ஆனால் அதன் முன்னோர் அனைவரும் மது வகையினரே. ஐரோப்பியர் இலையுதிர் காலத்தில் விருந்தினரைக் கூட்டி வைத்துக் கொதிப்புக்குச் சற்றுக் கீழே சூடேற்றிப் பரிமாறும் திராட்சை மதுப் பஞ்ச்சுக்கு நம் கிண்ணம் நெருங்கிய உறவு.

இக்கிண்ணத்தைச் சுற்றி ஒரு கதை உலவுகிறது. பஞ்ச் என்பது ‘பஞ்ச’ என்னும் ஐந்து. சாராயம், சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, நீர், நறுமணப் பொருள் என ஐந்து சேர்வதால் அப்பெயர். ஆகவே இது நம் பஞ்சாமிர்தத்தின் உடன்பிறப்பு என்பது அக்கதை. ஆங்கில அகராதிகள் பலவும் இவ்வழியே சொல்கின்றன. நாமும் நெடுங்காலம் வகுப்பறையில் இதனை ஐயமின்றிச் சொல்லி வந்தோம். கடன்சொற்கள் பற்றிய தேர்வு வினாவுக்கு மாணவர் இதனை எடுத்துக்காட்டாக எழுதியபோது முழு மதிப்பெண்ணும் வழங்கினோம். அம்மதிப்பெண்ணைப் பற்றிய உறுத்தலே இவ்வுரைக்குக் காரணம்.

முதலில் சான்றுகளைக் காலமுறைப்படி காண்போம். ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு நமக்குக் கிடைக்கும் மிகப் பழைய சான்று 1632ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று. கிழக்கிந்தியக் கும்பினியைச் சேர்ந்த ஒருவர் பேட்டப்போலியில் இருந்த தம் தோழருக்கு எழுதியது. நண்பர்கள் கூடி நன்றாக இல்லறம் நடத்துங்கள் என்று வாழ்த்தும்போது பஞ்ச் குடிப்பதையும் போகிற போக்கில் குறிப்பிடுகிறார். அது இன்ன பானம் என்று விளக்கவில்லை. விளக்காததே நமக்குச் செய்தி. 1632இல் அக்கடற்கரை ஆங்கிலேயர்க்கு அது பழகிப்போன சொல் என்பது அதனால் புலனாகிறது. பேட்டப்போலி என்பது இன்றைய நிசாம்பட்டினம். கிருஷ்ணையாற்றுக் கழிமுகத்தை ஒட்டிய ஊர். ஐரோப்பியர் சோழமண்டலக் கரை என வழங்கிய நெடுங்கரையின் வடபகுதி. ஆங்கிலேயர் 1611 முதல் அங்கே பண்டகசாலை வைத்திருந்தனர். அவ்வூர் மக்கள் பேசியது தெலுங்கு. தெலுங்கில் ஐந்துக்குப் பெயர் ‘அய்து’, ‘பஞ்ச’ அன்று. ஆயினும் அப்பகுதியை ஆண்ட கோல்கொண்டா அரசின் அவையில் பாரசீகம் வழங்கிற்று என்பதையும், பாரசீகத்தில் ஐந்துக்குப் ‘பஞ்ச்’ என்றே பெயர் என்பதையும் நேர்மையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இடத்தை மட்டும் வைத்து வழக்கைத் தீர்க்க இயலாது.

அடுத்து வருவோர் பயணிகள். 1638இல் சூரத்தில் ஆங்கிலேயரின் விருந்தாளியாய் இருந்த மாண்டெல்ஸ்லோ என்ற செருமானியர் ‘பாலெபுன்ட்ஸ்’ என்னும் பானத்தைக் குறிப்பிடுகிறார். ‘போல்’ என்னும் கிண்ணச் சொல்லும் பஞ்ச்சும் அவர் செவியில் ஒட்டிக்கொண்ட வடிவம் அது. சாராயம், பன்னீர், எலுமிச்சைச் சாறு, சர்க்கரை என அவர் தருவன நான்கு. பிரான்சு நாட்டவரான லா புலாய் ல கூஸ் தம் பயண நூலை 1653இல் வெளியிட்டார். அவர் ‘பொல்பொஞ்ச்’ என்று எழுதி, அது ஆங்கிலச் சொல் என்றே தெளிவாகச் சொல்லுகிறார். சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, சாராயம், சாதிபத்திரி, வாட்டிய பிஸ்கட் என அவர் பட்டியலில் ஐந்து உள. ஆனால் அவற்றுள் நீர் இல்லை, பிஸ்கட் இருக்கிறது! மொகலாய அரசில் மருத்துவராய் இருந்த பெர்னியே, வங்காளத்து ஆங்கிலேயர் உடலைக் கெடுத்துக்கொள்ளும் ‘பூல்பொஞ்ச்’ பற்றி எழுதுகிறார். கருஞ்சர்க்கரைச் சாராயம், எலுமிச்சைச் சாறு, நீர், மேலே தூவச் சிறிது சாதிக்காய். இவையும் நான்கே.

ஐந்து என்ற விளக்கத்தை வெளிப்படையாகத் தருபவர் ஜான் ஃபிரையர். கும்பினி மருத்துவராக 1670களில் இந்தியாவில் இருந்தவர். அவருடைய நூல் 1698இல் அச்சேறியது. கோவாப் பகுதிச் சாராயத்தைக் கொண்டு ஆங்கிலேயர் பஞ்ச் செய்வதையும், அது இந்துஸ்தானியில் ஐந்து எனப் பொருள்படுவதையும் அவர் கூறுகிறார். உடனே ஒரு மருத்துவருக்கே உரிய ஒப்புமையையும் சேர்க்கிறார். ஐந்து சரக்கு சேர்ந்த மருந்தை ஐரோப்பிய மருத்துவர் ‘டயாபென்டே’ என்பர், நான்காயின் ‘டயாடெஸ்ஸெரான்’ என்பர், அதைப் போன்றதே இது என்கிறார். கடிதத்துக்கும் ஃபிரையரின் நூலுக்கும் இடையே 66 ஆண்டுகள். புழக்கத்தில் இருந்த சொல்லுக்குக் கற்றறிந்த ஒருவர் பிற்காலத்தில் பொருத்திக் காட்டிய காரணம் இது என ஐயுற இடமுண்டு. ஃபிரையர் அச்சாராயத்தை ‘நேப்பா’ என்றும் குறிக்கிறார். அது மலாய் மொழியின் ‘நிப்பா’; நம் ஆற்றுமுகங்களில் சேற்றில் நிற்கும் அதே நிப்பா பனை. மலாய் நாட்டு மரப்பெயர் கோவாவில் மதுப்பெயராய் மாறியிருப்பதை எவரும் பெருமையாய்ப் பேசக் கேட்டதில்லை.

இனி ஒலிக்கு வருவோம். வழக்கு இங்கேதான் உண்மையில் தடுமாறுகிறது. இன்று நாம் ‘பஞ்ச்’ என்று சொல்வது பிற்கால ஒலிப்பு. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆங்கிலேயர் அச்சொல்லின் உயிரை உகரமாகவே ஒலித்தனர். தமிழெழுத்தில் எழுதின் ‘புஞ்ச்’. அந்த உகரம் அகரத்தின் பக்கம் நகரத் தொடங்கியது அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். இங்கிலாந்தின் வடபுலத்தார் பலர் இன்றும் ‘புஞ்ச்’ என்றே ஒலிப்பதைச் செவிப்படக் கேட்கலாம். எழுத்தை நம்பாமல் செவியை நம்பி எழுதிய அயலாரும் இதற்குச் சான்று. செருமானியர் ‘புன்ட்ஸ்’ என்றார். பிரான்சியர் ‘பொஞ்ச்’ என்றனர். அகரம் எவர் செவியிலும் விழவில்லை. இந்தியில் ஐந்துக்குரிய சொல்லோ நெடில் ஆகாரம் உடையது: ‘பாஞ்ச்’. ‘பா’ ‘பு’ ஆனது எப்படி என்பதற்கு விடை வேண்டும்.

ஒரு மாணவர் இங்கே எழுந்து, பஞ்சாப் என்னும் ஐயாற்று நாட்டின் பெயரை ஆங்கிலேயர் உகர எழுத்திட்டுத்தானே எழுதுகின்றனர் என வினவக்கூடும். நல்ல வினா. ஆனால் அவ்வெழுத்துமுறை வேரூன்றியது ஆங்கில உகரம் அகரத்தை நெருங்கிய பின்னர். 1632ஆம் ஆண்டுக் கடிதத்துக்கு அது துணை நிற்காது. கப்பல்களில் மது நிரப்பிய ‘பஞ்சன்’ என்னும் பெரும் பீப்பாயின் பெயர் மாலுமிகள் வாயில் குறுகியிருக்கலாம் என்பது மாற்றுக் கருத்து. ஒலி அதற்கு இடந்தருகிறது. இடைவழிச் சான்று ஒன்றும் இல்லை. ஆகவே ஐந்து என்னும் விளக்கம் பொய் என்று நாம் சொல்லவில்லை. அது ஒரு கருதுகோள். விடைத்தாளில் உண்மை என எழுதத் தக்கதன்று.

பானம் இங்கிலாந்து சேர்ந்த வரலாற்றைச் சுருங்கச் சொல்லலாம். ஜான் ஈவ்லின் தம் நாட்குறிப்பில் 1662 ஜனவரியில் யார்க் கோமகனுடன் தேம்ஸ் ஆற்றங்கரைப் பிளாக்வாலில் நின்ற கிழக்கிந்தியக் கப்பலுக்குச் சென்றதையும், அங்கே அளித்த பானங்களுள் பஞ்ச் இருந்ததையும் எழுதியுள்ளார். அப்போது அது கடல்கடந்த புதுமை. வெப்ப நாட்டுச் சாராயமும் எலுமிச்சையும் கலந்த பானம் குளிர்நாட்டில் நுழைந்தபோது அங்கே ஏற்கெனவே வேறொரு கிண்ணம் இருந்தது. திராட்சை மதுவில் இஞ்சியும் இலவங்கப்பட்டையும் சர்க்கரையும் இட்டு வடிகட்டும் ‘ஹிப்போக்ராஸ்’ இடைக்காலத்திலேயே ஐரோப்பாவில் வழங்கிற்று. வடிகட்டும் துணிப்பைக்கு மருத்துவத் தந்தை ஹிப்போகிரட்டீசின் பெயர். பையின் பெயர் பானத்துக்கு ஆயிற்று. காலப்போக்கில் பஞ்ச் என்னும் பெயர், பழமும் மதுவும் சேர்ந்த கிண்ணங்கள் பலவற்றையும் தன்னுள் வாங்கிக்கொண்டது.

அவ்வகையில் ஒன்று ‘பிஷப்’. சாமுவேல் ஜான்சன் 1755ஆம் ஆண்டு அகராதியில் திராட்சை மது, ஆரஞ்சு, சர்க்கரை ஆகியவற்றின் கலவைக்கு வழங்கும் கொச்சைப் பெயர் எனப் பொருள் தருகிறார். அங்கே பொருள்கள் மூன்றே. டிக்கன்சின் 1843ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் கதையின் முடிவில், கஞ்சரான ஸ்க்ரூஜ் மனம் மாறித் தம் எழுத்தருக்கு வழங்க விரும்புவது ஆவி பறக்கும் இந்தப் பிஷப்பைத்தான்.

அதனைச் செய்யும் முறையை எலிசா ஆக்டன் 1845இல் வெளியிட்ட சமையல் நூலில் ஆக்ஸ்ஃபோர்டு வழக்கம் எனத் தருகிறார். எலுமிச்சையின் தோலைக் கீறிக் கிராம்புகளைச் செருகி மெல்லிய தணலில் வாட்ட வேண்டும். இலவங்கப்பட்டை, கிராம்பு, சாதிபத்திரி, ஆல்ஸ்பைஸ் ஆகியவற்றைச் சம அளவில் எடுத்து, ஒரு துண்டு இஞ்சியும் சேர்த்து, அரை பைண்ட் நீரில் பாதியாய் வற்றும்வரை கொதிக்கவிட வேண்டும். ஒரு புட்டி போர்ட் மதுவைச் சூடாக்கி, எரியும் தாளை அதன்மேல் காட்டி, வெறியத்தில் ஒரு பகுதியை எரித்துவிட வேண்டும். பின் வாட்டிய எலுமிச்சையையும் கொதித்த சரக்கு நீரையும் அதில் சேர்த்து அடுப்பருகே பத்து நிமிடம் வைக்க வேண்டும். சர்க்கரைக் கட்டிகளை மற்றோர் எலுமிச்சையின் தோலில் தேய்த்துக் கிண்ணத்தில் இட்டு, அரைப் பழச் சாறு பிழிந்து, அதன்மேல் சூடான மதுவை ஊற்ற வேண்டும். சர்க்கரையைத் தோலில் தேய்ப்பது வீண் சடங்கன்று. அதன் கூரிய மணிகள் தோலின் எண்ணெயை உரசி எடுத்து உறிஞ்சிக்கொள்ளும். மணம் அவ்வெண்ணெயில்தான் உள்ளது. சர்க்கரை முதலில் சாற்றுடன் சேர்வதற்கும் காரணம் உண்டு. வெறியத்தில் அது எளிதில் கரையாது.

இன்று இலையுதிர் காலக் கூடல்களுக்கு ஆக்குவோர் போர்ட் மதுவுக்கு மாற்றாகச் சாதாரணச் செந்திராட்சை மதுவை எடுத்து, அப்பருவத்தில் விளையும் ஆப்பிளையும் பேரிக்காயையும் நறுக்கிச் சேர்க்கின்றனர். வெட்டிய ஆப்பிள் கறுக்காதிருக்க எலுமிச்சைச் சாறு உதவுகிறது. வெறியம் 78 பாகை செல்சியசில் கொதிப்பதால் பானையைத் தளபுளவென்று கொதிக்கவிடுவதில்லை. சூடு வேண்டாதார் முந்தின இரவே பழத்தை மதுவில் ஊறவைத்துக் குளிரப் பரிமாறுவர்.

அப்பானையில் கிடக்கும் இஞ்சித் துண்டை இப்போது எடுத்துப் பார்ப்போம். அதன் ஆங்கிலப் பெயர் ‘ஜிஞ்சர்’. இலத்தீனில் ‘ஸிங்கிபெர்’, கிரேக்கத்தில் ‘ஸிங்கிபெரிஸ்’, பாலி மொழியில் ‘சிங்கிவேர’. பௌத்தத் துறவியர்க்கு ஏற்ற மருந்து வேர்களுள் ஒன்றாக விநய நூலில் இது இடம்பெறுகிறது. பின்பகுதியிலுள்ள ‘வேர்’ எவர் விளக்கமும் இன்றித் தமிழர்க்குத் தெரிவது. முன்பகுதியிலுள்ள ‘சிங்கி’ நம் ‘இஞ்சி’. சகரம் எங்கே போயிற்று என்பதற்கு மொழியியல் விடை தருகிறது. தொல்திராவிடத்தில் மொழிமுதலில் நின்ற சகரம் தமிழில் பல சொற்களில் கெட்டுவிட்டது. கோண்டி மொழியில் ஆறு ‘சாருங்’, தமிழில் ‘ஆறு’. கோண்டியில் ஐந்து ‘சைய்யுங்’, தமிழில் ‘ஐந்து’. எந்த விதியால் நம் ஐந்து தன் சகரத்தை இழந்ததோ, அதே விதியால் இஞ்சியும் இழந்தது. இழப்பதற்கு முன் கடன் சென்ற வடிவமே பாலியிலும் கிரேக்கத்திலும் சகர, ஸகரத்தோடு வாழ்கிறது. ஆலன் ராஸ் என்னும் ஆங்கில மொழியறிஞர் இவ்வொரு சொல்லின் பயணத்துக்கு மட்டும் 1952இல் தனி நூலே எழுதினார்.

இங்கே ஓர் இடைக்குறிப்பு ஆசிரியர்களுக்குப் பயன்படலாம். பேச்சுவழக்கில் ‘அஞ்சு’ என்பதும் ‘பஞ்ச’ என்பதும் ஓசையில் ஒத்திருப்பதால் இரண்டும் ஒன்றே என்று சொல்லும் மாணவர் உளர். ‘சைய்யுங்’ என்னும் கோண்டி வடிவத்தைக் கரும்பலகையில் எழுதினால் அம்மயக்கம் நீங்கும். ‘பஞ்ச’ என்பது பாரசீகப் ‘பஞ்ச்’, கிரேக்கப் ‘பென்டே’ ஆகியவற்றின் இனம். ஆங்கிலத்தின் ‘ஃபைவ்’ என்பதும் ஒலி மாறிப்போன அதே இனத்துச் சொல்தான்.

சிங்கிவேர என்னும் அயற்சொல்லைக் கேட்ட சமற்கிருதப் புலவர் அதனைச் ‘சிருங்கவேர’ என்று திருத்திக்கொண்டனர். சிருங்கம் என்றால் கொம்பு. வேரம் என்றால் உடல். கொம்பு போன்ற உடல் உடையது எனப் பொருளும் அமைந்துவிட்டது. இஞ்சித் துண்டைப் பார்த்தால் கொம்பு போலத்தானே இருக்கிறது! ஃபிரையர் ஐந்தை எண்ணிக் காட்டிய அதே மனம், அவருக்குப் பல நூற்றாண்டு முன்னர் இஞ்சியில் கொம்பைக் கண்டது. நம்மவர் பஞ்ச்சில் பஞ்சாமிர்தத்தைக் காண்பதும் அவ்வகையே. விளக்கம் அழகாய் இருக்கும்போது ஒலியையும் ஆண்டையும் சரிபார்க்கக் கை எழுவதில்லை.

அக்கிண்ணத்து ஆரஞ்சுக்கும் திராவிட உறவு சொல்லப்படுகிறது. நம் நாரத்தை, மலையாளத்து ‘நாரங்ஙா’, சமற்கிருதத்து ‘நாரங்க’, பாரசீகத்து ‘நாரங்’, அரபியின் ‘நாரஞ்ச்’, ஸ்பானியத்தின் ‘நாரன்ஹா’ எனத் தொடர் நீள்கிறது. இத்தாலியத்துக்கும் பிரெஞ்சுக்கும் வந்தபோது முன்னிற்கும் ‘ஒரு’ என்னும் சொல்லின் னகரத்தோடு கலந்து முதலெழுத்து உதிர்ந்தது. இஞ்சிக்கு உள்ளது போன்ற ஒலிவிதிச் சான்று இதற்கு இல்லையாதலால், திராவிடமாய் இருக்கக்கூடும் என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே முறை. சர்க்கரையை வினவின், அது ‘சர்க்கரா’ என்னும் சமற்கிருதச் சொல், முதற்பொருள் பருக்கைக்கல். பாரசீகமும் அரபியும் வழியாக ஆங்கிலச் ‘சுகர்’ ஆனதும் அதுவே, நேரே தமிழுக்கு வந்ததும் அதுவே.

கடன்சொற்கள் பற்றிய வினாவுக்கு இப்போதும் சில மாணவர் பஞ்ச் என்று எழுதுகின்றனர். அருகே ஒரு கேள்விக்குறி இட்டு, ‘1632இன் உகரம்?’ என்று எழுதி, பாதி மதிப்பெண் தருகிறோம். இஞ்சி என்று எழுதியவரிடம் கோண்டி வடிவத்தைக் கேட்கிறோம்.