எத்தனை பேரை ஏற்றலாம்?

பாகான் ஆஜாமில் வளர்ந்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வீட்டுத் தகரக் கூரை திடீரென்று அதிர்ந்தால் நாங்கள் யாரும் பயந்து வெளியே ஓடமாட்டோம். "நூரி போகுது" என்று சொல்லிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம். பட்டர்வொர்த் ஆகாயப்படைத் தளம் சைக்கிள் மிதிக்கும் தூரத்தில் இருந்தது. பெர்ரியில் ஜோர்ஜ்டவுனுக்கு வரும்போதும் பல தடவை பார்த்திருக்கிறேன். கடலை ஒட்டித் தாழப் பறந்துபோகும் அந்தப் பெரிய ஹெலிகாப்டருக்கு மலாயில் கிளியின் பெயர் வைத்திருக்கிறார்கள் என்பது எங்களுக்கு அந்த வயதில் பெரிய வேடிக்கை. கிளி என்றால் இவ்வளவு சத்தமா?

இன்றைக்கு மன்றத்தில் எனக்குத் தந்த தலைப்பு, ஹெலிகாப்டர் ஓட்டுவதையே தொழிலாகக் கொண்டவர்களின் வாழ்வு எப்படிப்பட்டது என்பது. நான் விமானி அல்ல. பொதுத் தொடர்பியலில் டிப்ளோமா வாங்கிக்கொண்டு கேமரா முன்னால் நிற்பவள். ஆகவே ஓட்டியவர்களின் வரலாற்றைத்தான் சொல்ல முடியும். நம் நாட்டு ஹெலிகாப்டர் வரலாற்றைத் தேடிப் படித்தபோது ஒரே கேள்வி எல்லாக் காலத்திலும் திரும்பத் திரும்ப வந்து நின்றது. எத்தனை பேரை ஏற்றலாம் என்பதுதான் அந்தக் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர், விமானி.

கதை பக்கத்து நாடான பர்மாவில் தொடங்குகிறது. 1944ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். ஜப்பானியர் வசமிருந்த வட பர்மாக் காட்டில் ஒரு சிறு விமானம் விழுந்துவிட்டது. அதில் அமெரிக்க விமானி ஒருவர், காயம்பட்ட பிரிட்டிஷ் வீரர்கள் மூவர். சுற்றிலும் எதிரிகள். அவர்களை மீட்க இந்தியாவிலிருந்து கிளம்பியவர் கார்ட்டர் ஹார்மன் என்ற அமெரிக்க இளைஞர். அவர் கொண்டுபோன சிக்கோர்ஸ்கி ஆர்-4 ஹெலிகாப்டரில் இரண்டே இருக்கைகள். விமானி போக மிச்சம் ஒன்று. எனவே நால்வரையும் ஒவ்வொருவராகத்தான் வெளியே கொண்டுவர முடிந்தது. காயம்பட்டவர்கள் முதலில், விழுந்த விமானத்தின் விமானி கடைசியில். வெப்பத்தில் என்ஜின் சூடேறிவிட்டதால் ஒரே நாளில் வேலை முடியவில்லை. மிச்சமிருந்தவர்கள் இன்னோர் இரவைக் காட்டில் கழித்தார்கள். போர்க்களத்தில் ஹெலிகாப்டர் செய்த முதல் மீட்புப் பணி இது என்று வரலாறு குறித்து வைத்திருக்கிறது.

"என்ஜின் சூடேறியது" என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன். அதைச் சற்று விளக்க வேண்டும். வெப்பம் ஏற ஏறக் காற்று விரிந்து லேசாகிறது. ஈரம் சேர்ந்தால் இன்னும் லேசாகிறது. மேலே சுழலும் விசிறிக்குப் பிடித்துத் தள்ளுவதற்குக் காற்றின் கனம் போதவில்லை. என்ஜினுக்கும் மூச்சுத் திணறுகிறது. குளிர்நாட்டில் நாலு பேரைத் தூக்கும் இயந்திரம் நம் ஊர் நண்பகலில் மூவரோடு முக்கும். அதோடு, ஓரளவு வேகத்தில் முன்னே போகும்போதுதான் ஹெலிகாப்டருக்கு வேலை எளிது. ஒரே இடத்தில் அந்தரத்தில் நிற்கத்தான் அதற்குச் சக்தி அதிகம் வேண்டும். மலாயாக் காட்டில் அதுதான் கட்டாயம். இருநூறு அடி உயர மரங்களுக்கு நடுவே வெட்டிய சிறு திடலில் கிணற்றுக்குள் வாளி இறங்குவதுபோல நேராக இறங்கி, நேராக ஏற வேண்டும்.

எனக்கே ஒரு சிறு அனுபவம் உண்டு. ஒரு நிகழ்ச்சிக்காகத் தீவை மேலிருந்து படம்பிடிக்கப் போனோம். ஏறுவதற்கு முன் எங்களைத் தராசில் நிறுத்தினார்கள். கேமராப் பை, பேட்டரி, தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றுக்கும் எடை பார்த்தார்கள். நால்வர் போனோம், மூவர்தான் ஏறினோம். ஒலிப்பதிவுத் தம்பி கீழேயே நின்று கையசைத்தார். அவருக்கு நஷ்டம் ஒரு வேடிக்கைதான். கீழே நிற்பவர் குண்டடிபட்டவராக இருந்தால்? படப்பிடிப்பு முடிந்து இறங்கிய பிறகும் எனக்கு அதே நினைவு.

மலாயாவில் 1948இல் அவசரகாலம் பிரகடனம் ஆனது. தோட்டங்களில் பால்வெட்டிய நம் பாட்டன் பாட்டிமார்களுக்கு அந்தக் காலம் என்றால் முள்வேலியும், அரிசிக் கட்டுப்பாடும், வேலைக்காட்டுக்குச் சோறு கொண்டுபோகத் தடையும்தான் நினைவு. காட்டுக்குள் நடந்தது வேறு. அடிபட்டவரை மூங்கில் கழியில் தூளி கட்டி நாள்கணக்கில் தூக்கி வர வேண்டியிருந்தது. வழியிலேயே பலர் இறந்தார்கள். 1950இல் பிரிட்டிஷ் ஆகாயப்படை, காயமடைந்தோரை ஏற்றி வருவதற்கென்றே மூன்று டிராகன்ஃபிளை ஹெலிகாப்டர்களைக் கொண்டு சிங்கப்பூரில் ஒரு சிறு பிரிவை அமைத்தது. அந்த ஆகாயப்படையின் முதல் ஹெலிகாப்டர் பிரிவு உருவானது லண்டன் பக்கத்தில் அல்ல, நம் பக்கத்தில். 1953இல் அது 194ஆவது படைப்பிரிவாக வளர்ந்தது. அதே ஆண்டு ஜனவரியில் கடற்படையின் 848ஆவது பிரிவு பத்து எஸ்-55 ஹெலிகாப்டர்களுடன் வந்திறங்கியது. காகிதத்தில் அந்த எஸ்-55 பத்து வீரர்களை ஏற்றும். மலாயா வெயிலிலும் காட்டுத் திடலிலும் அந்த எண்ணிக்கை மளமளவென்று இறங்கியது.

அந்த ஹெலிகாப்டர்கள் உயிர் காக்க மட்டுமே பறந்தன என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. படைகளை இறக்கின. 1953இல் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் போட்டிருந்த பயிர்களின்மேல் நச்சு மருந்தும் தெளித்தன. ஒரே இயந்திரம், ஒரே விமானி. காலையில் ஒரு வேலை, மாலையில் இன்னொன்று. ஓட்டியவர்கள் இதை மனத்துக்குள் எப்படிச் சமாளித்தார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

ஓட்டும் முறையையும் சொல்லிவிடுகிறேன். இடக்கையில் ஒரு நெம்புகோல்; தூக்கினால் மேலே, இறக்கினால் கீழே. வலக்கையில் முழங்கால்களுக்கு நடுவே ஒரு தடி. சாய்த்த பக்கம் போகும். இரண்டு கால்களுக்கும் மிதிகள். வாலில் உள்ள சிறு விசிறியைக் கட்டுப்படுத்தி மூக்கைத் திருப்புபவை. இதில் சங்கடம் என்னவென்றால், ஒன்றைத் தொட்டால் மற்ற இரண்டையும் சரிசெய்ய வேண்டும். இடக்கையைத் தூக்கினால் மூக்கு திரும்பும். காலை மிதித்துத் திருத்தினால் உடம்பு நகரும். வலக்கை அதைப் பிடிக்க வேண்டும். அந்தரத்தில் அசையாமல் நிற்பதுபோல நமக்குத் தெரிகிற ஹெலிகாப்டருக்குள் ஒருவர் கைகால் ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கிறார். இன்றைய இயந்திரங்களில் கணினி துணைக்கு வருகிறது. 1950களில் அந்தத் துணை இல்லை.

என்ஜின் நின்றுபோனால்? நம் காட்டு மெராந்தி விதையைப் பார்த்திருப்பீர்கள். இறக்கை வைத்த விதை. விழும்போது சுழன்று சுழன்று மெதுவாக இறங்கும். ஹெலிகாப்டரும் அப்படித்தான். விழும் வேகத்தில் கீழிருந்து வரும் காற்றே விசிறியைச் சுழற்ற, விமானி பத்திரமாக இறக்கிவிடலாம். ஆனால் அதற்கு உயரம் வேண்டும், அல்லது வேகம் வேண்டும். மரங்களின் உச்சிக்குச் சற்று மேலே, வேகமே இல்லாமல் நிற்பவருக்கு இரண்டும் கிடையாது. காட்டு விமானிகள் நாள் முழுதும் நின்றது அந்த உயரத்தில்தான்.

காடும் சும்மா விடவில்லை. சைக்கமோர் என்ற ஹெலிகாப்டரின் விசிறி இறக்கைகள் மரத்தால் செய்து பசையால் ஒட்டப்பட்டவை. நம் ஊர் ஈரத்தில் அந்த ஒட்டு தளர்ந்து, உயிர் குடித்த விபத்துகளுக்குப் பிறகு 1959இல் அவற்றைத் தரையில் நிறுத்தினார்கள். நம் வீட்டு அலமாரிக் கதவே மழைக்காலத்தில் உப்பிக்கொண்டு மூட மறுக்கிறதே!

இனி நம் பட்டர்வொர்த்துக்கு வருவோம். 1941இல் பிரிட்டிஷார் திறந்த இந்தத் தளத்தை 1958இல் ஆஸ்திரேலியர்கள் ஏற்றார்கள். இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில், 1964இல், ஆஸ்திரேலியாவின் 5ஆவது படைப்பிரிவு இரோக்குவாய் ஹெலிகாப்டர்களுடன் இங்கே வந்து தாய்லாந்து எல்லைக் காடுகளில் பறந்தது. இதில் டர்பைன் என்ஜின். பழைய பிஸ்டன் என்ஜினைவிட எடை குறைவு, சக்தி அதிகம். ஏற்றும் ஆட்களின் கணக்கு முதன்முறையாக விமானிக்குச் சாதகமாகத் திரும்பியது. 1966இல் அவர்கள் நாடு திரும்பினார்கள். அதே ஆண்டு ஆஸ்திரேலிய இரோக்குவாய்கள் வியட்நாம் போருக்குச் சென்றன.

1968 முதல் மலேசிய ஆகாயப்படையில் நூரி. இரண்டு டர்பைன் என்ஜின்கள், ஏறத்தாழ முப்பது பேருக்கு இடம், தண்ணீரிலும் மிதக்கும்படியான அடிப்பாகம். எங்கள் கூரையை அதிரவைத்தது பட்டர்வொர்த்தில் இருந்த 3ஆவது படைப்பிரிவின் நூரிகள். போர்வீரர், வெள்ளத்தில் சிக்கியவர், காட்டுக் கிராமத்து ஓராங் அஸ்லிப் பிரசவப் பெண், அரிசி மூட்டை என்று அது ஏற்றாதது குறைவு. கதவருகே ஒருவர் நிற்பார். 'ஆகாயக் குவார்ட்டர்மாஸ்டர்' என்று பெயர். வால் மரக்கிளையில் இடிக்குமா என்று எட்டிப் பார்த்து விமானிக்குச் சொல்பவர் அவர். விமானிக்குப் பின்னால் கண் இல்லை. அவர்தான் அந்தக் கண். விழா மேடைகளில் விமானியின் பெயரைச் சொல்வார்கள். இவர் பெயரை நான் அதிகம் கேட்டதில்லை.

1976 ஏப்ரலில் கெடா, குபீர் பகுதியில் ஒரு நூரியைக் கம்யூனிஸ்டு கொரில்லாக்கள் சுட்டு வீழ்த்தினார்கள். அதில் இருந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை. 1989 டிசம்பரில் ஹட்யாய் ஒப்பந்தம் வந்த பிறகு துப்பாக்கி ஓய்ந்தது, மேகம் ஓயவில்லை. 2007 ஜூலை 13ஆம் தேதி கெந்திங் செம்பா அருகே ஒரு நூரி காணாமல்போனது. சில நாள் தேடலுக்குப் பிறகே, மரங்கள் மூடிய மலைச்சரிவில் கண்டுபிடித்தார்கள். குழுவினர் ஆறு பேரும் இறந்துபோயிருந்தார்கள். அந்த நாள்களில் எங்கள் வீட்டில் தொலைக்காட்சியை யாரும் அணைக்கவே இல்லை. எதிர்வீட்டு மலாய்க்காரரின் மகன் தளத்தில் வேலை பார்த்தார். அவர் இந்தக் குழுவில் இல்லை என்று தெரிந்த பிறகும் அந்த அம்மா வாசலைவிட்டு நகரவில்லை.

மேகத்தின் கதை தமிழ்நாட்டுக்கும் தெரிந்ததே. 2021 டிசம்பர் 8ஆம் தேதி சூலூரிலிருந்து வெலிங்டனுக்குக் கிளம்பிய இந்திய ஆகாயப்படையின் எம்ஐ-17 குன்னூர் அருகே விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவர் துணைவியார் உள்ளிட்ட பதினான்கு பேர் உயிரிழந்தார்கள். பள்ளத்தாக்கில் வானிலை எதிர்பாராமல் மாறியதால் மேகத்துக்குள் நுழைந்து, விமானிக்குத் திசையுணர்வு தவறியதே காரணம் என்று விசாரணைக் குழு தெரிவித்தது. மேகத்துக்குள் போனால் மேல் எது, கீழ் எது என்பதை நம் உடம்பே நமக்குப் பொய்யாகச் சொல்லும். கருவிகளை மட்டும் நம்ப வேண்டும். மலைக்கு நடுவே அதற்கு நேரம் இருப்பதில்லை. அன்றைக்குப் போர்வைகளோடு முதலில் ஓடிப்போனவர்கள் நஞ்சப்பசத்திரம் கிராமத்து மக்கள்.

நூரிகள் ஐம்பத்திரண்டு ஆண்டுச் சேவைக்குப் பிறகு 2020 ஜனவரியில் ஓய்வு பெற்றன. அந்த ஆண்டுகளில் நூரி விபத்துகளில் மாண்டவர்கள் எழுபதுக்கும் மேற்பட்டோர். பழைய இயந்திரம் போனால் விபத்தும் போய்விடும் என்று நினைத்தவர்களில் நானும் ஒருத்தி. 2024 ஏப்ரல் 23ஆம் தேதி லுமுட்டில், கடற்படை விழா ஒத்திகையின்போது இரண்டு ஹெலிகாப்டர்கள் நடுவானில் மோதிப் பத்துப் பேர் இறந்தார்கள். அந்தக் காட்சியைச் செய்திக்காக அன்று பல தடவை பார்க்க நேர்ந்தது. சில நொடிகள்தான்.

பாகான் ஆஜாம் வீட்டில் இப்போது அம்மா மட்டும் இருக்கிறார். தகரக் கூரையை மாற்றி ஓடு போட்டாயிற்று. ஆகாயத்தில் எந்த ஹெலிகாப்டர் போனாலும், அது தீயணைப்புப் படையினுடையதோ தனியாருடையதோ, அடுப்படியில் இருந்தபடியே இன்னும் "நூரி போகுது" என்கிறார். நான் திருத்துவதில்லை.