நியூ ஜெர்சியிலிருந்து ராசிபுரத்துக்கு

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அதன் வழியே ராசிபுரம், ஓமலூர், சங்ககிரி பக்கத்து அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு வந்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. தறி ஓட்டும் வீடுகளிலும் லாரித் தொழிலாளர் வீடுகளிலும் பெரும்பாலும் அதுவே முதல் கணினி. அந்த லினக்ஸுக்குள் .பேஷ்ஆர்சி என்றொரு சின்னக் கோப்பும் வந்து சேர்ந்தது. பெயர் புள்ளியில் தொடங்குவதால் சாதாரணமாகக் கண்ணில் படாது.

இதன் பூர்வீகம் அமெரிக்காவின் நியூ ஜெர்சி. பெல் ஆய்வகம் 1979-இல் வெளியிட்ட யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் ஸ்டீஃபன் போர்ன் எழுதிய ஷெல், அதாவது பயனர் அடிக்கும் கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல், இருந்தது. பயனர் உள்ளே நுழைந்ததும் அவருடைய சொந்தக் கோப்புறையான ஹோம் டைரக்டரியில் .புரொஃபைல் கோப்பைத் தேடிப் படித்துவிட்டுத்தான் அது வேலையைத் தொடங்கும். பத்தாண்டு கழித்து, 1989-இல், குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்காக பிரையன் ஃபாக்ஸ் பேஷ் ஷெல்லை எழுதினார். அது தொடங்கும்போது படிக்கும் கோப்புதான் .பேஷ்ஆர்சி. இயன் மர்டாக் 1993-இல் தொடங்கிய டெபியன் என்ற லினக்ஸ் வகை பேஷை எடுத்துக்கொண்டது. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாக வைத்து 2007-இல் பாஸை வெளியிட்டது.

டெபியன் குடும்பத்தில் .பேஷ்ஆர்சியின் மூலப்படி ஈடிசி டைரக்டரிக்குள் ஸ்கெல் என்ற இடத்தில் இருக்கிறது. கூடவே .புரொஃபைல், .பேஷ்_லாக்அவுட் இரண்டும் உண்டு. புதுப் பயனருக்குக் கணக்குத் திறக்கும்போது ஆட்யூசர் கட்டளை ஹோம் டைரக்டரியை உருவாக்கி, ஸ்கெல்லில் உள்ளதையெல்லாம் அதில் நகலெடுத்து, உரிமையை நிர்வாகிக் கணக்கான ரூட்டிடமிருந்து அந்தப் பயனருக்கு மாற்றிவிடும். அடித்த கட்டளைகளில் எத்தனையை நினைவில் வைப்பது (1000), கோப்பில் எத்தனை வரி சேமிப்பது (2000) என்பதெல்லாம் .பேஷ்ஆர்சியில் எழுதியிருக்கும்.

நகல் ஒரே ஒருமுறைதான். தனிக்குடித்தனம் போகும் மகளுக்குக் கொடுத்தனுப்பும் பாத்திரங்களைப் போல, போன பிறகு தாய்வீட்டில் எதை மாற்றினாலும் அங்கே மாறாது. அதனால் பள்ளிக் கணினி ஆய்வகத்தில் நாற்பது மாணவர்களுக்குக் கணக்குத் திறந்துவிட்டு, அப்புறம் ஸ்கெல்லைத் திருத்துவது வீண்வேலை. இன்னொரு சிக்கலும் உண்டு: ஆட்யூசருக்குப் பதில் யூசர்ஆட் கட்டளையைக் கொடுத்து, -எம் சேர்க்க மறந்தால் டெபியனில் ஹோம் டைரக்டரியே உருவாகாது, கோப்புகளும் வராது.

ஆகவே ஆய்வகப் பொறுப்பாசிரியர்களே, முதலில் ஸ்கெல்லைச் சரிசெய்யுங்கள், பிறகு கணக்குத் திறவுங்கள். மாணவர்களே, எல்எஸ் -ஏ என்று அடித்து .பேஷ்ஆர்சி கோப்பைப் பாருங்கள், திறந்து திருத்துங்கள். கெடுத்துவிட்டால் பயமில்லை, ஸ்கெல்லில் மூலப்படி அப்படியே இருக்கிறது, இன்னொரு நகல் எடுத்துக்கொள்ளலாம்.